பைலட் சீனியாரிட்டி பட்டியலைச் சேர்த்துத் தரும் நடுவர் சேவை: என் கணக்கில் ரெண்டரை ஸ்டார்

மிக்ஸிக்கும் பிரியாணிக் கடைக்கும் ரிவ்யூ எழுதி அலுத்துவிட்டது. இந்த முறை கொஞ்சம் விநோதமான ஒரு சேவை. அமெரிக்காவில் இரண்டு விமானக் கம்பெனிகள் ஒன்றாகும்போது, இரண்டு பக்கத்துப் பைலட்டுகளின் சீனியாரிட்டி பட்டியலையும் ஒரே பட்டியலாக்கிக் கொடுப்பதற்கு நடுவர்கள் இருக்கிறார்கள். முதலில் இரு தரப்பும் உட்கார்ந்து பேச வேண்டும், படியவில்லை என்றால் சமரசம், அதுவும் நடக்கவில்லை என்றால் நடுவர் சொல்வதுதான் முடிவு. நான் பைலட் இல்லை, வெறும் விமானப் பைத்தியம். ஆனால் நான் வேலை பார்த்த ஒரு கம்பெனியை இன்னொன்றோடு சேர்த்தபோது, ஏழு வருஷம் இருந்த என்னை நேற்று வந்த பையனுக்குக் கீழே போட்டார்கள், அதற்கு ஒரு காரணமும் சொல்லவில்லை. அந்தக் கடுப்பில்தான் இதைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

அங்கே பைலட்டுக்குச் சம்பள ஸ்லிப்பைவிட முக்கியம் அவருடைய சீனியாரிட்டி நம்பர். எந்த விமானம் ஓட்டுவது, கேப்டன் சீட்டா பக்கத்து சீட்டா, எந்த ஊர் பேஸ், மாத ரோஸ்டரில் எந்த ட்ரிப், கிறிஸ்துமஸுக்கு லீவு உண்டா, ஆள்குறைப்பு வந்தால் முதலில் யார் வெளியே, எல்லாமே அதை வைத்துத்தான். இருபது வருஷம் ஓட்டியவர் வேறு கம்பெனிக்கு மாறினாலும் அங்கே வரிசையின் கடைசியில்தான் நிற்க வேண்டும், அதனால் லேசில் யாரும் மாறுவதில்லை. இப்படி இரண்டு வரிசையில் ஆயுசு முழுக்க நின்றவர்களை ஒரே வரிசையாக நில் என்றால் என்ன ஆகும்? ஒரே மண்டபத்தில் இரண்டு கல்யாணம், பந்தி ஒன்றுதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் காலையிலிருந்து காத்திருக்கிறோம் என்று ஒரு வீட்டார் சொல்வார்கள். உங்கள் வீட்டில் அடுப்பே அணைந்து கிடந்தது, சாப்பாடே எங்களால்தான் என்று அடுத்த வீட்டார் சொல்வார்கள்.

2005-ல் நடந்தது கிட்டத்தட்ட இதேதான். யுஎஸ் ஏர்வேஸ் கிழக்குக் கரையின் பழைய பெரிய கம்பெனி, ஆனால் இரண்டாவது தடவையாகத் திவால் நீதிமன்றத்தில் கிடந்தது. அமெரிக்கா வெஸ்ட் 1983-ல் பறக்கத் தொடங்கிய சின்னக் கம்பெனி, மேற்கே பீனிக்ஸ் பக்கம். இந்த இரண்டும் ஒன்றாகின; முன்னதைக் கிழக்கு, பின்னதை மேற்கு என்று வைத்துக்கொள்வோம். கிழக்கில் சுமார் 5,100 பைலட்டுகள், அதில் 1,700 பேர் வரை ஃபர்லோவில், அதாவது சம்பளம் இல்லாமல் வீட்டில், கூப்பிட்டால் திரும்பி வரலாம் என்ற நிலையில். மேற்கில் சுமார் 1,900 பேர். கிழக்குக்காரர்கள் வேலைக்குச் சேர்ந்த தேதிப்படி வரிசை போடு என்றார்கள். அப்படிப் போட்டால் வீட்டில் உட்கார்ந்திருப்பவர்கூட மேற்கில் கேப்டனாகப் பறந்துகொண்டிருப்பவருக்கு மேலே வந்துவிடுவார். மேற்குக்காரர்கள், நாங்கள் வராவிட்டால் உங்கள் கடையே இழுத்து மூடப்பட்டிருக்கும், அவரவர் பட்டியலில் எந்த உயரத்தில் இருக்கிறாரோ அந்த விகிதத்தில் கோர்க்கலாம் என்றார்கள். கிழக்கு இன்னொன்றும் சொன்னது, அதில் நியாயம் இருந்ததாகவே எனக்குத் தோன்றுகிறது: எங்கள் ஆட்களுக்குத்தான் வயது அதிகம், அவர்கள் ரிட்டையர் ஆகிக் காலியாகும் கேப்டன் சீட்டெல்லாம் நாங்கள் வருஷக்கணக்கில் காத்திருந்த சீட், விகிதப்படி கோர்த்தால் அதில் ஒரு பங்கை மேற்குக்காரர்கள் கொண்டுபோவார்கள்.

நடுவராக வந்தவர் ஜார்ஜ் நிக்கோலாவ். பேஸ்பால் வீரர்களுக்கும் முதலாளிகளுக்கும் நடந்த பெரிய சண்டைகளில் தீர்ப்புச் சொன்ன மனிதர், சின்ன ஆள் இல்லை. 2007 மே மாதம் பட்டியலைக் கொடுத்தார். வெளிநாடு போகும் அகல உடல் விமானங்கள் கிழக்கில்தான் இருந்தன என்பதால் முதல் 500 சொச்சம் இடம் கிழக்கின் மூத்தவர்களுக்கு. அதற்குக் கீழே விகிதப்படி கலப்பு. ஃபர்லோவில் இருந்தவர்கள் மொத்தமும் அடியில். அதாவது கல்யாணத்துக்கு எதைக் கொண்டு வந்தாய் என்று பார்த்தார், எத்தனை நேரம் காத்திருந்தாய் என்று பார்க்கவில்லை.

பொருளின் தரத்தை மட்டும் பார்த்தால் நான் மூன்றரை ஸ்டார் கொடுப்பேன். காரணங்களை வரிக்கு வரி எழுதியிருக்கிறார், எனக்கு என் கம்பெனி கொடுக்காத மரியாதை அது. ஆனால் தையல் தெரிகிறது. கிழக்கில் ஏறக்குறைய 17 வருஷம் வேலை பார்த்து, ஃபர்லோ ஆகாமல் கடைசிப் படியில் தொங்கிக்கொண்டிருந்தவரும், மேற்கில் சேர்ந்து சில மாதமே ஆன புதுப் பையனும் பட்டியலில் பக்கத்துப் பக்கத்தில். கணக்கு சரிதான், இருவருமே அவரவர் கம்பெனியில் கடைசி ஆள்தான். அதை அந்த 17 வருஷக்காரர் வீட்டில் போய் யார் சொல்வது? 2009-ல் பைலட்டுகளின் சங்கமான ஆல்பா தன் இணைப்பு விதியைத் திருத்திப் பணிக்காலத்தையும் பார்க்க வேண்டும் என்று சேர்த்தது. யுனைடெட், கான்டினென்டல் கம்பெனிகளின் இணைப்புக்காக 2013-ல் வந்த பட்டியலில் பணிக்காலம், பதவி இரண்டுக்கும் எடை போட்டார்கள்.

சரி, டெலிவரிக்கு வருவோம். இங்கேதான் ஸ்டார் எல்லாம் கொட்டிப்போகிறது. கடைசித் தீர்ப்பு, கட்டுப்படுத்தும் தீர்ப்பு என்று சொல்லித்தான் நடுவரிடம் போனார்கள். கம்பெனியும் 2007 டிசம்பரில் பட்டியலை ஏற்றுக்கொண்டது. ஆனால் 2005-ல் போட்ட ஒப்பந்தப்படி, இரண்டு பக்கத்துக்கும் பொதுவான ஒரு சம்பள ஒப்பந்தம் வரும்வரை கிழக்கும் மேற்கும் தனித்தனியாகத்தான் ஓடும். பொது ஒப்பந்தம் வந்தால்தான் பட்டியலுக்கு உயிர். அதற்குக் கிழக்கும் ஓட்டுப்போட வேண்டும். ஓட்டில் கிழக்குக்குத்தான் பெரும்பான்மை. பூட்டையும் போட்டு, பூட்டப்பட்டவன் கையிலேயே சாவியையும் கொடுத்த மாதிரி! 2008 ஏப்ரலில் கிழக்குக்காரர்கள் இரு தரப்புக்கும் சங்கமாக இருந்த ஆல்பாவையே தேர்தலில் வெளியேற்றிவிட்டு யுசாபா என்று புதுச் சங்கத்தைக் கொண்டுவந்தார்கள், சேர்ந்த தேதிதான் வரிசை என்று அதன் சட்டத்திலேயே எழுதிவைத்துக்கொண்டார்கள். மேற்குக்காரர்கள் வழக்குப் போட்டு 2009-ல் பீனிக்ஸில் ஜூரியிடம் ஜெயித்தார்கள். 2010-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் விஷயம் இன்னும் பழுக்கவில்லை என்று சொல்லித் தள்ளிவிட்டது. (சட்டத்தில் நிஜமாகவே அதுதான் வார்த்தை. நான்கைந்து வருஷமாக மரத்தில் தொங்கும் காய் எப்போது பழுக்குமோ!) இதற்கு நடுவே நஷ்டம் யாருக்கு என்று பார்த்தால் இரண்டு பக்கமும்தான், பொது ஒப்பந்தம் வராததால் கிழக்கு பழைய திவால் கால சம்பளத்திலேயே வருஷக்கணக்கில் ஓட்டியது.

நிக்கோலாவ் பட்டியல் அந்தக் கம்பெனியில் ஒரு நாள்கூட அமலுக்கு வரவில்லை. 2013 டிசம்பரில் அமெரிக்கன் ஏர்லைன்ஸோடு இணைந்தார்கள், அமெரிக்கன், கிழக்கு, மேற்கு என்று மூன்று தரப்பாக வேறு நடுவர் குழு முன்னால் முதலிலிருந்து ஆரம்பித்தார்கள், பட்டியல் வந்தது 2016 செப்டம்பரில். ஆர்டர் போட்டுப் பதினோரு வருஷம். அதற்குள் எத்தனையோ பேர் கடைசியாக ஒரு தடவை தரையிறக்கிவிட்டு ரிட்டையர் ஆகிவிட்டார்கள்.

இதே சேவை டெல்டா, நார்த்வெஸ்ட் கம்பெனிகளின் இணைப்பில் எப்படி வேலை செய்தது தெரியுமா? அங்கேயும் 2008 தொடக்கத்தில் பைலட்டுகள் தங்களுக்குள் பேசிப் பார்த்து முறிந்துபோனதுதான். ஆனால் அப்புறம் புத்தியாக, பொது ஒப்பந்தத்தை முதலில் முடித்துக்கொண்டார்கள். கோடையில் ஓட்டெடுப்பு முடிந்தது, அக்டோபர் 29-ல் இணைப்பு, டிசம்பரில் நடுவர் குழுவின் பட்டியல். சுமார் 12,000 பைலட்டுகள், ஒன்றரை மாதம். திட்டினவர்கள் அங்கேயும் இருந்தார்கள், ஆனால் தடுக்க யார் கையிலும் சாவி இல்லை. அந்த டெலிவரிக்கு நாலரை ஸ்டார் கொடுக்கலாம்.

இந்தச் சேவை கட்டாயமாக இல்லாத காலமும் இருந்தது. 2001-ல் டிடபிள்யூஏ என்ற விமானக் கம்பெனியை அமெரிக்கன் வாங்கியபோது அதன் பைலட்டுகளில் பாதிக்கு மேல் பட்டியலின் அடியில் ஸ்டேபிள் அடிக்கப்பட்டார்கள், விமானப் பணிப்பெண்களை மொத்தமாகவே கடைசியில் தள்ளினார்கள். மிசௌரி மாநில செனட்டர்கள் இரண்டு பேர் கொண்டுவந்த மெக்காஸ்கில்-பாண்ட் சட்டம் 2007 டிசம்பரில் வந்த பிறகுதான், பேசு, இல்லாவிட்டால் நடுவரிடம் போ என்பது கட்டாயமானது.

நம் பக்கம் வந்தால் ஏர் இந்தியாவும் இந்தியன் ஏர்லைன்ஸும் 2007-ல் சேர்ந்தன. பணியாளர்களை எப்படி இணைப்பது என்று நீதிபதி தர்மாதிகாரி கமிட்டி அறிக்கை கொடுத்தது 2012 ஜனவரியில். அதே வருஷம் மே மாதம், புது ட்ரீம்லைனர் விமானத்தில் பயிற்சி இந்தியன் ஏர்லைன்ஸ் பக்கத்துப் பைலட்டுகளுக்கும் போகிறதே என்று ஏர் இந்தியா பைலட்டுகள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள், 58 நாள். அமெரிக்க நடுவருக்கு ரெண்டரை என்றால் இதற்கு நான் ஒன்றுக்கு மேல் போட மாட்டேன். அந்தச் சமயத்தில் அங்கே பறந்துகொண்டிருந்தவர் யாராவது இதைப் படித்தால், உங்கள் நம்பர் கடைசியில் எங்கே போய் விழுந்தது என்று கீழே எழுதுங்கள்.