கவுன்சில் அனுப்பும் கேரரா, கையில் வரும் காசா?

அம்மா பக்கவாதத்துக்குப் பிறகு ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த மாதம், சோஷல் வொர்க்கர் எங்கள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து படிவத்தை நிரப்பினார். கடைசிப் பக்கத்தில் ஒரு கேள்வி: வீட்டுக்கு வந்து பார்த்துக்கொள்ளும் கேரரைக் கவுன்சிலே ஏற்பாடு செய்யட்டுமா, அல்லது டைரெக்ட் பேமெண்ட் எடுக்கிறீர்களா? "நீங்களே செய்யுங்கோ" என்றேன். இரண்டு நிமிடம்கூட யோசிக்கவில்லை. ஒன்பது மாதம் கழித்து மாற்றினோம். மாற்றி மூன்று வருடம் ஆகப்போகிறது. இப்போது லண்டனில் எந்தச் சொந்தக்காரர் வீட்டில் யார் விழுந்தாலும் எனக்குத்தான் போன் வருகிறது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். பெர்சனல் பட்ஜெட் என்றாலே காசு கையில் வரும் என்று பலர் நினைக்கிறார்கள். இங்கிலாந்தில் 2015 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த கேர் சட்டத்தின்படி, கவுன்சிலின் உதவிக்குத் தகுதி பெறும் எல்லோருக்கும் ஒரு பெர்சனல் பட்ஜெட் போட்டாக வேண்டும். அது வெறும் தொகை, இவரைப் பார்த்துக்கொள்ள இவ்வளவு செலவாகும் என்ற கணக்கு. அந்தத் தொகையைக் கவுன்சிலே வைத்துக்கொண்டு, கேரர்களை அனுப்பும் ஏஜென்சி ஒன்றை ஏற்பாடு செய்யலாம். அல்லது உங்கள் கணக்கில் போட்டுவிட்டு, ஆளை நீங்களே பாருங்கள் என்று விடலாம். இரண்டாவதுதான் டைரெக்ட் பேமெண்ட்.

எந்த வழியில் போனாலும் நாம் கட்ட வேண்டிய பங்கு ஒன்றுதான். பராமரிப்பு பெறுபவரிடம் 23,250 பவுண்டுக்கு மேல் சேமிப்பு இருந்தால் முழுச் செலவும் நம்முடையது. 2010இலிருந்து அந்த எல்லை அசையவில்லை. வீட்டிலேயே பராமரிப்பு என்றால், குடியிருக்கும் வீட்டின் மதிப்பைக் கணக்கில் எடுக்க மாட்டார்கள். ஆகவே காசு மிச்சமாகும் என்று எண்ணி யாரும் மாற வேண்டாம்.

அடுத்து, எல்லோரும் குரலைத் தாழ்த்திக் கேட்கும் கேள்வி: "அப்ப அந்தக் காசை மகளுக்கே குடுக்கலாமோ?" ஒரே வீட்டில் இருக்கும் கணவன், மனைவி, பிள்ளை, மருமகள் போன்ற நெருங்கிய உறவுக்குப் பொதுவாகக் கொடுக்க முடியாது. வேறு வழியில்லை என்று கவுன்சில் ஒத்துக்கொண்டால் மட்டும் விதிவிலக்கு. தனி வீட்டில் இருக்கும் மகளை வேலைக்கு வைக்கலாம். நான் அம்மாவோடு இருப்பதால் எனக்குக் கிடையாது.

சரி, ஏஜென்சி. அந்த ஒன்பது மாதத்தைப் பற்றிப் பெரிதாகக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வந்த பெண்கள் நல்லவர்கள், பாவம், பஸ்ஸில் ஓடி ஓடி வந்தார்கள். ஆனால் ஒரே வாரத்தில் ஆறு முகம். ஏழு மணிக்கு வர வேண்டியவர் சில நாள் பத்தரைக்கு வருவார். அதுவரை அம்மா ஈரத்தோடு படுத்திருப்பார். பக்கவாதம் அம்மாவிடமிருந்து ஆங்கிலத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டது. நாற்பது வருடம் இந்த நாட்டில் பேசிய பாஷை. "நோகுது" என்று அவர் சொன்னால், வந்தவர் "நோ" என்று எடுத்துக்கொண்டு குளிப்பாட்டாமலே போய்விடுவார். சிரித்தோம்தான், ஆனால் தோளில் உண்மையிலேயே நோவு இருந்தது என்று மூன்று வாரம் கழித்துத்தான் தெரிந்தது.

டைரெக்ட் பேமெண்டுக்கு மாறியதும், நான்கு தெரு தள்ளி இருக்கும் ஓர் அக்காவை வேலைக்கு எடுத்தோம். பெர்சனல் அசிஸ்டன்ட் என்று எழுத்தில் சொல்வார்கள், வாயில் பி.ஏ. வாரம் 21 மணி நேரம். காலை இரண்டு, மாலை ஒன்று. வேண்டுமானால் ஒருநாள் கூட்டி மறுநாள் குறைத்து, அம்மாவைக் கோயிலுக்குக் கூட்டிப்போகச் சேர்த்துக்கொள்ளலாம். ஏஜென்சியின் நேர அட்டவணையில் கோயில் என்ற கட்டமே இல்லை. அம்மாவை "அன்ரி" என்று கூப்பிட்டுக்கொண்டு வருவார், குளிக்க வைத்தபடியே ஊர்க்கதை கதைப்பார். புட்டை எவ்வளவு குழைத்தால் அம்மாவுக்கு விழுங்க முடியும் என்பது அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். இந்த ஒரு விஷயத்தில் இரண்டுக்கும் ஒப்பீடே இல்லை. நான் எந்தப் பக்கம் என்பதை மறைக்கவும் போவதில்லை.

ஆனால் போன் போட்டுக் கேட்பவர்களுக்கு நான் இதையெல்லாம் இரண்டு நிமிடத்தில் சொல்லி முடித்துவிடுவேன். மீதி அரை மணி நேரம் ஒரே ஒரு விஷயத்தைப் பற்றித்தான்: டைரெக்ட் பேமெண்டில் ஆள் வைத்தால் நீங்கள் முதலாளி. பேச்சுக்குச் சொல்லும் முதலாளி இல்லை, சட்டப்படி.

கணக்கோடு சொல்கிறேன். எங்கள் கவுன்சில் மணிக்கு 16.50 பவுண்ட் கொடுத்தது, நாங்கள் அக்காவுக்கு 13.50 கொடுத்தோம். நடுவில் மூன்று பவுண்ட் மிஞ்சுகிறதே என்று அண்ணா குதித்தான். முதலில் விடுப்பு. எந்தத் தொழிலாளிக்கும் வருடத்துக்கு 5.6 வாரம் சம்பளத்தோடு விடுப்பு உண்டு. அவர் விடுப்பில் இருக்கும்போது அம்மாவுக்கு விடுப்பு இல்லை, பதிலாள் வேண்டும், அவருக்கும் சம்பளம். ஆக 52 வாரப் பராமரிப்புக்கு 57.6 வாரச் சம்பளம். கணக்குப் போட்டால் 16,300 பவுண்டைத் தாண்டுகிறது. வருடத்துக்கு வந்த பட்ஜெட் 18,018. வருடச் சம்பளம் 10,000 பவுண்டுக்கு மேல் என்பதால் ஓய்வூதியத் திட்டத்திலும் சேர்க்க வேண்டும், முதலாளி பங்கு ஒரு 255 பவுண்ட். முதலாளி பொறுப்புக் காப்பீடு கட்டாயம், குறைந்தது 50 லட்சம் பவுண்டுக்கு. தொகையைக் கேட்டுப் பயப்பட வேண்டாம், பிரீமியம் சின்னதுதான். அப்புறம் பெரோல், அதாவது சம்பளக் கணக்கு, பார்ப்பவருக்குக் கூலி, நோய் விடுப்புப் பணம். முதலாளி கட்டும் தேசியக் காப்பீட்டுக்கு மட்டும் ஒரு சலுகை உண்டு. வீட்டு வேலைக்கு ஆள் வைப்பவர்களுக்குக் கிடைக்காத எம்ப்ளாய்மெண்ட் அலவன்ஸ், பராமரிப்பு ஆள் வைப்பவர்களுக்குக் கிடைக்கும். அதைக் கேட்டு வாங்க வேண்டும், தானாக வராது. கடைசியில் அந்த மூன்று பவுண்டில் மிஞ்சியது சில பென்ஸ்.

"சுயதொழில் என்று எழுதிவிட்டால் இந்தத் தலையிடி இல்லையே" என்று சொல்லத் தமிழ்க் கடைக் கவுண்டரில் எப்போதும் ஒருவர் நிற்பார். கேட்காதீர்கள். எத்தனை மணிக்கு வர வேண்டும், என்ன செய்ய வேண்டும் என்று நீங்கள் சொல்லி அவர் செய்தால், வரித்துறையின் கண்ணில் பெரும்பாலும் அவர் உங்கள் தொழிலாளிதான். பழைய வரி, விடுப்புப் பணம் எல்லாம் பின்னால் வந்து கதவைத் தட்டும்.

இதற்கு மேல் ஏப்ரல் மாதம். குறைந்தபட்சக் கூலி 2025 ஏப்ரலில் 12.21, 2026 ஏப்ரலில் 12.71. அது ஏறினால் நாமும் ஏற்ற வேண்டும், இல்லாவிட்டால் சூப்பர்மார்க்கெட் வேலை நல்லது என்று ஆள் போய்விடும். எங்கள் கவுன்சில் தன் தொகையை ஏற்றிய கடிதம் ஒரு வருடம் ஜூலையில் வந்தது.

உண்மையில் என்னை உலுக்கியது சம்பளக் கணக்கு இல்லை. போன குளிர்காலத்தில் நெஞ்சுச் சளி முற்றி அம்மா ஐந்து வாரம் ஆஸ்பத்திரியில் இருந்தார். அக்காவுக்கு வேலை இல்லை, ஆனால் சம்பளம்? அவருக்கும் வாடகை இருக்கிறது. நான்கு வாரத்துக்குப் பிறகு கவுன்சில் பணத்தை நிறுத்தியது. ஐந்தாவது வாரத்தின் 283.50 பவுண்டை அண்ணாவும் நானும் போட்டோம். ஏஜென்சியாக இருந்திருந்தால் ஒரு போனில் முடிந்திருக்கும். அதே நேரத்தில், ஏஜென்சியில் அந்த ஐந்து வாரத்தில் நம் நேரத்தை வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்கள். திரும்பி வரும்போது மறுபடி புது முகங்கள். அக்கா ஆஸ்பத்திரிக்கே வந்து அம்மாவுக்குச் சோறு ஊட்டினார். இதைக் கணக்கில் எந்தப் பத்தியில் எழுதுவது?

இன்னொன்று, கேட்கவே சங்கடமான கணக்கு. அம்மா இல்லாமல் போனாலோ, பராமரிப்பு இல்லத்துக்கு மாறினாலோ, இரண்டு வருடம் தாண்டிய அக்காவுக்கு வேலை இழப்புப் பணம் சட்டப்படி கொடுக்க வேண்டும். அதைக் கவுன்சில் எப்படி ஏற்கும் என்பதை ஆள் எடுக்கும் முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நான் மூன்றாவது வருடத்தில்தான் வாங்கினேன்.

இந்தத் திட்டம் யாரால் வந்தது என்று பார்த்தால் இதெல்லாம் புரிகிறது. ஹாம்ப்ஷயரில் லெ கோர்ட் என்ற பராமரிப்பு இல்லத்தில் இருந்த மாற்றுத்திறனாளிகள், ஜான் எவன்ஸ் போன்றவர்கள், பிராஜெக்ட் 81 என்று பெயர் வைத்து, எங்களை இல்லத்தில் வைத்திருக்கச் செலவாகும் பணத்தை எங்களிடம் கொடுங்கள், வெளியே வாழ்ந்து காட்டுகிறோம் என்று போராடினார்கள். அப்போது கவுன்சில் நேரடியாகக் காசு கொடுக்கச் சட்டத்தில் இடமில்லை. 1996இல்தான் சட்டம் வந்தது, அதுவும் 65 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு மட்டும். முதியவர்களுக்கு 2000இல்தான் திறந்தது. தன் உதவியாளரைத் தானே நடத்த வேண்டும் என்று கேட்டவர்களுக்காகத் தைத்த சட்டையை எண்பது வயது அம்மாவுக்குப் போட்டிருக்கிறோம். தனிநபர் பட்ஜெட் என்ற பெயரில் 13 உள்ளாட்சிகளில் நடந்த முன்னோட்டத்தின் மதிப்பீடு 2008இல் வந்தபோது, அதைப் பெற்ற முதியவர்களின் மனநிலை வழக்கமான சேவை பெற்றவர்களைவிடச் சற்று மோசமாகவே இருந்தது. எனக்கு அதில் ஆச்சரியமில்லை. எங்கள் வீட்டில் அந்தச் சுமையை அம்மா தூக்கவில்லை, நான் தூக்குகிறேன். பிள்ளை இல்லாத, அல்லது பிள்ளை கனடாவில் இருக்கும் ஒருவருக்கு டைரெக்ட் பேமெண்ட் எடுக்கச் சொல்ல என் வாய் வராது.

இடைவழிகளும் உண்டு. காசைக் கவுன்சில் சொல்லும் ஒரு நிறுவனம் வைத்துக்கொண்டு சம்பளச்சீட்டு போட்டுக் கொடுக்கும். முதல் வருடம் அப்படித்தான் செய்தோம், வேலை பாதி குறைந்தது. முதலாளி மட்டும் அப்போதும் நாம்தான். இன்னொரு வழியில் பட்ஜெட்டை ஒரு சேவை நிறுவனத்திடம் கொடுத்து, நாம் சொல்கிறபடி செலவழிக்கச் செய்யலாம், ஆளும் அவர்கள் ஆள். காகிதத்தில் எனக்கு அது பிடித்திருக்கிறது. வைத்துப் பார்த்ததில்லை என்பதால் அதற்கு மேல் சொல்ல மாட்டேன். மறதி நோய் முற்றி, தானே சம்மதம் சொல்ல முடியாதவருக்காகக் குடும்பத்தில் ஒருவர் பணத்தைப் பொறுப்பேற்கவும் சட்டத்தில் வழி இருக்கிறது. எங்களுக்கு அந்த நிலை இன்னும் வரவில்லை.

முழுக்க ஒன்றையே எடுக்க வேண்டும் என்றும் இல்லை. வரும் ஆகஸ்டில் அக்கா நல்லூர்த் திருவிழாவுக்கு ஊருக்குப் போகிறார், நான்கு வாரம். பதிலாள் தேடி அலுத்துப்போய், அந்த நான்கு வாரத்துக்கு மட்டும் கவுன்சிலிடம் ஏஜென்சி கேட்டிருக்கிறேன். சரி என்றிருக்கிறார்கள். ஃபிரிட்ஜ் கதவில் நோகுது, சுடுகுது, தண்ணி, போதும் என்ற நான்கு சொற்களை ஆங்கில எழுத்தில் பெரிதாக எழுதி, பக்கத்தில் அர்த்தமும் போட்டு ஒட்டிவைத்திருக்கிறேன்.