குன்னூர்ச் சாலைகளில் பிஎம்டபிள்யூ 520டி: ஆரவாரமில்லாத வடிவம் பற்றி ஒரு பட்டறைக்காரரின் மதிப்பீடு

வண்டியை வாங்கிக் கோயம்புத்தூரிலிருந்து மலையேற்றிக் கொண்டுவந்த அன்று மாலை, பெட்ஃபோர்டு அருகே தேநீர் குடிப்பதற்காக நிறுத்தினேன். அங்கே டாக்ஸி ஓட்டும் தம்பி ஒருவர் வண்டியை ஒரு முறை முழுவதும் சுற்றிவந்து பார்த்துவிட்டு, “அண்ணா, வண்டி நல்லா இருக்குங்க, குறை சொல்ல முடியாது. ஆனா இவ்வளவு பெரிய வண்டிக்கு ஒரு கெத்து வேணாமா?” என்று கேட்டார். 2010-ஆம் ஆண்டில் இந்த வடிவம் விற்பனைக்கு வந்தபோது ஊர் உலகமெங்கும் எழுந்த பேச்சின் சாரம் அந்த ஒரு கேள்விக்குள் அடங்கிவிடுகிறது. குறையென்று எதையும் சுட்டிக்காட்ட முடியவில்லை. ஆனால் பார்த்தவுடன் வாயைப் பிளக்க வைக்கும் எதுவும் அதில் இல்லை. அந்தத் தம்பி கேட்ட கேள்வியை மூன்று ஆண்டுகளாக மனத்தில் வைத்துக்கொண்டே இந்த வண்டியை ஓட்டியும் துடைத்தும் பார்த்தும் வருகிறேன்.

குன்னூரில் 26 ஆண்டுகளாக டிங்கரிங், பெயிண்டிங் பட்டறை நடத்துகிறேன். எஞ்சினைவிட வண்டியின் உடம்புதான் எனக்கு அதிகம் பழக்கம். நான் வாங்கியது 2012-ஆம் ஆண்டில் தயாரான, அடர்சாம்பல் நிற 520டி. 1972-இல் தொடங்கிய 5 சீரிஸ் வரிசையில் இது ஆறாம் தலைமுறை. நிறுவனத்தின் குறியீட்டில் இதற்கு எஃப்10 என்று பெயர். இதன் பாகங்கள் ஜெர்மனியிலிருந்து வந்தாலும், 2007-இல் சென்னையை அடுத்த மறைமலைநகர் பகுதியில் திறக்கப்பட்ட ஆலையில்தான் நம் நாட்டு வண்டிகள் கோர்க்கப்பட்டன.

இதன் அடக்கத்தைப் புரிந்துகொள்ள, இதற்கு முன்னால் இருந்த வண்டியைப் பார்க்க வேண்டும். 2003-இல் வந்த ஐந்தாம் தலைமுறைக்கு ஈ60 என்று குறியீடு. அதன் வெளிவடிவத்தை வரைந்த இத்தாலியர் டேவிடே ஆர்க்காஞ்செலி, வண்டி தெருவுக்கு வரும் முன்பே இளம் வயதில் காலமாகிவிட்டார். அப்போது வடிவமைப்புத் துறைக்குத் தலைமை வகித்தவர் கிறிஸ் பேங்கிள் என்ற அமெரிக்கர். முகப்பு விளக்கின் மேல் விளிம்பு புருவத்தைப் போல மேலே இழுத்துக்கொண்டு முன்சக்கரத்தின் மேற்பகுதி வரை ஓடும். பின்பெட்டியின் மூடி தனியாக எடுத்து வைத்தது போலத் துருத்திக்கொண்டிருக்கும். அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு, 2001-இல் வெளிவந்த, இதே நிறுவனத்தின் இன்னும் பெரிய வண்டியான 7 சீரிஸைப் பார்த்துக் கொதித்துப்போன ரசிகர்கள், பேங்கிளைப் பதவியிலிருந்து நீக்கக் கோரி இணையத்தில் கையெழுத்து வேட்டையே நடத்தினார்கள். ஈ60-க்கும் அந்தச் சினத்தில் பெரும் பங்கு கிடைத்தது. ஆனாலும் அது உலகெங்கும் 10 லட்சத்துக்கு மேல் விற்றது என்பதைச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. வாய் சொன்னது ஒன்று, கைப்பணம் சொன்னது வேறொன்று.

2009 தொடக்கத்தில் பேங்கிள் விலகினார். அட்ரியன் வான் ஹூய்டாங்க் பொறுப்பேற்றார். அதே ஆண்டின் இறுதியில் எஃப்10 அறிமுகமானது. யாட்செக் ஃப்ரோலிஷ் வரைந்த அந்த வடிவத்தைப் பார்த்தவர்கள் இரு பிரிவானார்கள். அப்பாடா, பழைய மரியாதை திரும்பியது என்று மூச்சுவிட்டவர்கள் ஒரு பக்கம். இது சுருக்கிய 7 சீரிஸ், திட்டுக்குப் பயந்து பின்வாங்கிவிட்டார்கள் என்று உதட்டைப் பிதுக்கியவர்கள் இன்னொரு பக்கம். திட்டிய வாய்களில் சில, முன்பு ஈ60-ஐயும் திட்டியவைதான். துணிந்தால் அத்துமீறல், அடங்கினால் கோழைத்தனம் என்று இரண்டு பக்கமும் அடிவாங்கும் இந்த வகை வண்டிகளைச் செய்பவர்கள் மீது எனக்கு உண்மையான பரிவு உண்டு.

இந்த வண்டியின் அடக்கம் எங்கே இருக்கிறது என்று கண்ணால் தேடினால், முதலில் அது அளவில் இருக்கிறது. சக்கரங்களுக்கு இடையிலான தூரம் ஈ60-இல் 2,888 மில்லிமீட்டர், இதில் 2,968. எட்டு சென்டிமீட்டர் கூடியிருக்க, மொத்த நீளமோ 4,841-இலிருந்து 4,899-ஆக, ஆறு சென்டிமீட்டர்கூட முழுதாகக் கூடவில்லை. அதாவது, சக்கரங்களுக்கு வெளியே துருத்தும் உடம்பு குறைந்திருக்கிறது. நான்கு மூலையிலும் காலை ஊன்றி நிற்கும் கட்டில் போல வண்டி நிற்கிறது. ஆகவே அதற்குத் தோள் உயர்த்திக் காட்ட வேண்டிய அவசியம் இல்லை. நீளமான பானெட்டில் நான்கு மெல்லிய வரிகள் முன்கண்ணாடித் தூணின் அடியிலிருந்து இறங்கி, 1933 முதல் இந்த நிறுவனத்தின் அடையாளமாக இருக்கும் இரட்டைச் சிறுநீரக வடிவ கிரில்லில் சேர்கின்றன. பின்கதவுக் கண்ணாடியின் கோடியில், 1961-இல் காட்டப்பட்ட 1500 மாடலில் இருந்து தொடர்ந்து வரும் அந்த முன்நோக்கிய சிறு மடக்கு அப்படியே இருக்கிறது. பக்கவாட்டில், முன்சக்கரத்தின் பின்னாலிருந்து எழுந்து, இரண்டு கதவுக் கைப்பிடிகளின் ஊடாகவே ஓடிப் பின்விளக்கைத் தொடும் ஒற்றைக் கோடு. இந்த வண்டியின் அழகு முழுவதும் அந்தக் கோட்டை நம்பித்தான் நிற்கிறது என்பது என் கணிப்பு.

தொழில் வழியாக நான் கண்ட ஒன்றை இங்கே விரிவாகச் சொல்ல வேண்டும். மடிப்பும் குழிவும் நிறைந்த கதவில் ஒடுக்கு விழுந்தால், பட்டி என்னும் பள்ளம் நிரப்பும் பசையைப் பூசித் தேய்த்து, மடிப்பின் நிழலுக்குள் சின்னக் குறைகளை நிறுத்திவிட முடியும். கண் மடிப்பைத்தான் பார்க்கும், மேடு பள்ளத்தைப் பார்க்காது. வெறும் பரப்பும் ஒற்றைக் கோடும் உள்ள கதவில் ஒளிந்துகொள்ள இடமே கிடையாது. அரை மில்லிமீட்டர் பிசகினாலும் கோடு நடுங்குவது போலத் தெரியும். பட்டறையில் நாங்கள் நீளமான ட்யூப்லைட்டை வண்டியின் பக்கவாட்டுக்கு இணையாகக் கட்டித் தொங்கவிட்டு, அதன் வெள்ளை ஒளி தகட்டின் மேல் எப்படி ஓடுகிறது என்று குனிந்து பார்ப்போம். நல்ல தகட்டில் ஒளி நூல் பிடித்தது போல ஓடும். பட்டி கூடிய இடத்தில் ஓடைத் தண்ணீர் போல நெளியும்.

என் வண்டியை நான் பார்க்கப் போன அன்று, அதைக் கழுவி ஈரத்தோடு நிறுத்தியிருந்தார்கள். ஈரம் எல்லாக் குறையையும் மூடும் என்பது தெரிந்திருந்தும், ஆசை கண்ணை மறைத்துவிட்டது. பட்டறைக்குக் கொண்டுவந்து ட்யூப்லைட்டின் கீழ் நிறுத்தியபோதுதான், இடது பின்கதவில் அந்தக் கோடு கைப்பிடிக்குப் பின்னால் நகக்கண் அளவு தாழ்ந்திருப்பது தெரிந்தது. சமவெளியில் ஏதோ ஒரு பட்டறை முன்பு அந்தக் கதவில் அவசரமாக வேலை செய்திருக்கிறது. சாதாரண வண்டியாக இருந்தால் காந்தத்தை வைத்துப் பார்த்தே பட்டியின் கனத்தைக் கண்டுபிடித்துவிடலாம். இந்த வண்டியின் பானெட்டும் கதவுகளும் அலுமினியம். காந்தம் ஒட்டவே ஒட்டாது. அலுமினியத் தகடு இரும்பைப் போல அடித்த அடிக்குத் திரும்பி வருவதும் இல்லை. இரும்புத் துகள் படாத தனிச் சுத்தியல், தனி மணல்தாள், பொறுமையான சூடு என்று எல்லாம் வேண்டும். அந்த ஒரு கோட்டைப் பழைய இடத்துக்குக் கொண்டுவர எனக்குப் பதினோரு நாள் பிடித்தது. இந்த எளிமையைச் சோம்பேறித்தனம் என்று சொல்பவர்களோடு என்னால் ஒத்துப்போக முடியாமல் இருப்பதற்கு அந்தப் பதினோரு நாள்தான் காரணம்.

மலையில் மற்றவர்கள் சொன்னதையும் பதிவு செய்கிறேன். கோத்தகிரிப் பக்கம் தேயிலைத் தோட்டம் வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் இன்றும் ஈ60 ஓட்டுகிறார். அதற்குப் பெயிண்ட் வேலை செய்வது நான்தான். என் வண்டியைப் பார்த்துவிட்டு அவர், “தம்பி, என் வண்டியைப் பிடிக்காதவன்கூட நின்னு பார்ப்பான். உங்க வண்டியைப் பிடிச்சவன்கூடப் பார்த்துட்டு நடந்து போயிடுவான்” என்றார். இதுவரை நான் கேட்ட எதிர்வாதங்களில் மிகவும் வலுவானது இதுதான். இதில் உண்மையும் இருக்கிறது. ஈ60-இன் விளக்குப் புருவத்தைப் பாலிஷ் போடும்போதெல்லாம், அதை வரைந்த இளைஞனின் துணிச்சலை நானும் வியந்திருக்கிறேன். ஆனால் நின்று பார்க்க வைப்பது மட்டுமே ஒரு வண்டியின் வேலையா என்று அவரிடம் கேட்டேன். தினமும் வாசலில் நிற்கப்போகும் பொருள் தினமும் நம்மைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்க வேண்டுமா என்பதில்தான் அவருக்கும் எனக்கும் வேறுபாடு. அவர் ஒத்துக்கொள்ளவில்லை.

என் மாமியார் முதன்முறை ஏறி அமர்ந்தபோது, “மாப்பிள்ளை, பழைய அம்பாசிடர் மாதிரி மரியாதையா இருக்கு” என்றார். 2014-இல் உற்பத்தி நிற்கும் வரை முகம் அதிகம் மாறாமலே இருந்த அந்த வண்டிதான் எங்கள் மலைக்குப் பல காலம் டாக்ஸியாகவும் கல்யாண வண்டியாகவும் அதிகாரிகளின் வண்டியாகவும் இருந்தது. ஆகவே அவர் சொன்னதை உயர்ந்த பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன். கல்யாணங்களுக்கு இரண்டு மூன்று முறை இந்த வண்டியை உறவுக்காரர்கள் வாங்கிப் போனார்கள். மல்லிகைச் சரத்தையும் ரோஜா மாலையையும் பானெட்டில் கட்டும்போது, அந்த நான்கு வரிகளும் பூவுக்கு வழிவிட்டு ஒதுங்கிக்கொள்வது போல இருக்கும். கூர்மையான மடிப்புகள் நிறைந்த புது வண்டிகளில் பூ எங்கே வைத்தாலும் ஒட்டாத மாதிரி தெரிகிறது.

இந்த வடிவம் தன்னை முழுதாகக் காட்டுவது பனிமூட்டத்தில். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் அருவங்காட்டிலிருந்து கேத்தி வழியாக ஊட்டிக்குப் போகும் சாலையில் மாலை நான்கு மணிக்கே மஞ்சு இறங்கிவிடும். வண்டியின் நிறமும் உருவமும் கரைந்துபோய், முன்விளக்குகளின் நான்கு ஒளிவளையங்கள் மட்டும் முதலில் எதிரே தெரியும். 2000-ஆம் ஆண்டில் 5 சீரிஸில் அறிமுகமான அந்த வளையங்கள், இந்த மாடலில் ஈ60-இன் அந்த இழுத்த புருவம் இல்லாமல் நிற்கின்றன. வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு எதிரே நூறடி தள்ளி நின்று நான் பார்த்திருக்கிறேன். முதலில் நான்கு வளையம், பிறகு கிரில்லின் இரண்டு கட்டங்கள், அதன் பிறகு பானெட்டின் விளிம்பு என்று ஒவ்வொன்றாகத் திரை விலகி வருகின்றன.

குறைகளைச் சொல்லாமல் இருக்க முடியாது. 3, 5, 7 ஆகிய மூன்று வரிசைகளும் அந்தக் காலகட்டத்தில் ஒரே முகத்தைப் பங்கிட்டுக்கொண்டதால், தூரத்திலிருந்து இது எந்த வண்டி என்று சொல்வது கடினம். கூடுதல் விலை கொடுத்தவருக்கு இது வருத்தம் தரும், அந்த வருத்தம் நியாயமானது. பின்புறம், முன்புறத்தின் அளவுக்கு உழைத்துச் செய்யப்படவில்லை. எல் வடிவ விளக்குகளுக்கு நடுவே பின்பெட்டி மூடி சற்றுக் கனத்துத் தெரிகிறது. பக்கக் கண்ணாடிகளை விட்டுவிட்டே 1,860 மில்லிமீட்டர் அகலமுள்ள இந்த உடம்பைக் குன்னூர் மார்க்கெட் சந்துகளுக்குள் கொண்டுபோக எனக்கு மனம் வருவதில்லை.

ஓட்டத்தைப் பற்றிச் சில வரிகள் போதும். 1,995 சிசி டீசல் எஞ்சின், 184 குதிரைத்திறன், 380 நியூட்டன் மீட்டர் இழுவிசை, எட்டு கியர் ஆட்டோமேட்டிக். பர்லியாரிலிருந்து குன்னூர் வரையிலான ஏற்றத்தில் இது திணறியதே இல்லை. இறங்கும்போது கியரைக் கையால் குறைத்துப் பிடித்துக்கொண்டால் பிரேக்குக்கு வேலை குறையும். ஈ60-இல் நேராக வைக்கப்பட்டிருந்த நடு டாஷ்போர்டு, இதில் பழைய வழக்கப்படி ஓட்டுநர் பக்கம் சற்றுத் திருப்பி வைக்கப்பட்டிருக்கிறது. கொண்டை ஊசி வளைவில் கண்ணை அதிகம் திருப்பாமலே எல்லாம் எட்டுகிறது.

2020-க்குப் பிறகு இதே நிறுவனத்தின் 4 சீரிஸ் போன்ற வண்டிகளில் கிரில் உயர்ந்து முகத்தையே நிறைத்தபோது, மீண்டும் பெரிய கண்டனம் எழுந்தது. அதன் பிறகு என் பட்டறைக்கு வருபவர்களின் பேச்சும் மாறியிருப்பதைக் கவனிக்கிறேன். முன்பு கெத்து இல்லை என்றவர்களே இப்போது என் வண்டியைக் காட்டி, இந்த மாதிரி ஏன் இப்போது செய்வதில்லை என்று கேட்கிறார்கள். பெட்ஃபோர்டில் கேள்வி கேட்ட அந்தத் தம்பியும் அவர்களில் ஒருவர். இப்போது தனக்கு ஒரு எஃப்10 தேடிக்கொண்டிருக்கிறார்.

அவருக்குச் சொன்னதையே வாங்க நினைக்கும் மற்றவர்களுக்கும் சொல்கிறேன். அடர்நிற வண்டியாகப் பாருங்கள். வெள்ளையில் அந்தப் பக்கவாட்டுக் கோடு பாதி செத்துவிடுகிறது. 2014-க்கு முந்தைய 520டி என்றால், எஞ்சினுக்குள் வால்வுகளை நேரம் தவறாமல் இயக்கும் டைமிங் செயின் எஞ்சினின் பின்பக்கம் கியர்பாக்ஸை ஒட்டி இருப்பதால் அதை மாற்றுவது பெரிய செலவு. குளிர்ந்த எஞ்சினை நீங்களே ஸ்டார்ட் செய்து, செயின் தேய்ந்த சத்தம் வருகிறதா என்று கேளுங்கள். ஈரமாக நிறுத்திய வண்டியை வாங்காதீர்கள். காய்ந்த பிறகு, காலை வெயில் சாய்ந்து விழும் நேரத்தில் பின்விளக்கின் அருகே மண்டியிட்டு, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, கைப்பிடிகளின் வழியாக ஓடும் அந்தக் கோட்டை முன்சக்கரம் வரை பாருங்கள். எங்கும் நெளியாமல் ஓடினால் விலை பேசலாம்.