மோர்வான் காட்டுப் பாதைகளில் மூன்று நாள்: ஒரு கிராவல் சைக்கிள் பயணச் சேவையைப் பற்றிய மதிப்பீடு

பாரிஸின் பெர்சி நிலையத்தில் ரயிலேறி, ஓசேர் வழியாக அவலோன் வரை சென்றால், பர்கண்டியின் நடுவே கருங்கல் மேடாக உயர்ந்து நிற்கும் மோர்வானின் வடக்கு வாசலை அடைந்துவிடலாம். 1970இல் வட்டார இயற்கைப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட இப்பகுதியில் ஏறத்தாழப் பாதி நிலம் காடு. மீதியெல்லாம் வேலிச்செடிகள் சூழ்ந்த மேய்ச்சல் நிலங்களும் ஏரிகளும் சிற்றூர்களும்தான். இங்கே மூன்று நாள் கிராவல் சைக்கிள் (சரளை, மண் பாதைகளுக்கான அகல டயர் சைக்கிள்) பயணத்தை ஏற்பாடு செய்துதரும் ஒரு சிறு நிறுவனத்தின் சேவையைச் செப்டம்பர் தொடக்கத்தில் நானும் ஒரு நண்பரும் பயன்படுத்தினோம். குறைகளையும் எழுத வேண்டியிருப்பதால் நிறுவனத்தின் பெயரைத் தவிர்க்கிறேன். வாடகைச் சைக்கிள், இரண்டு இரவுத் தங்கல், சைக்கிள் கணினியில் ஏற்றிக்கொள்ளும் வழித்தடக் கோப்பு ஆகிய மூன்றும் சேர்த்து ஆளுக்கு 390 யூரோ. வழிகாட்டி யாரும் உடன் வருவதில்லை. சைக்கிளை எங்கும் வாடகைக்கு எடுக்கலாம், அறையை யாரும் பதிவு செய்துகொள்ளலாம் என்பதால், நாம் உண்மையில் விலைகொடுத்து வாங்குவது அந்தக் கோப்பைத்தான். இந்த மதிப்பீடும் பெரும்பாலும் அதைப் பற்றியதே.

சைக்கிளில் குறைசொல்ல அதிகமில்லை. 42 மில்லிமீட்டர் அகலமுள்ள ட்யூப் இல்லாத டயர்கள், டிஸ்க் பிரேக், முன்னால் ஒற்றைப் பல்சக்கரம், செங்குத்தான ஏற்றத்திலும் உட்கார்ந்தபடியே மிதிக்கத்தக்க தாழ்ந்த கியர் என எல்லாமே பொருத்தமாக இருந்தன. ஆனால் டயர்களில் தார்ச்சாலைக்கு ஏற்றவாறு காற்றை இறுக அடைத்திருந்தார்கள். சரளையில் முதல் ஐந்து கிலோமீட்டர் கை அதிர்ந்த பிறகே அது எனக்குப் புரிந்தது. நிறுத்திக் காற்றைக் கொஞ்சம் வெளியேற்றியதும் அதே சைக்கிள் வேறொன்றாக மாறிவிட்டது. பிரான்சில் சைக்கிளுக்கு மணி சட்டப்படி கட்டாயம் என்றபோதிலும், நண்பரின் சைக்கிளில் மணி இல்லை.

முதல் நாள் வழியை வகுத்தவர் அந்த மண்ணை நன்கறிந்தவர் என்பதில் எனக்கு ஐயமில்லை. அவலோனிலிருந்து கூசேன் ஆற்றுப் பள்ளத்தாக்கில் இறங்கி, பழங்காலக் கற்சவப்பெட்டி மூடிகள் தேவாலயத்தைச் சுற்றிலும் வரிசையாகக் கிடக்கும் கரே-லே-தோம்ப் ஊரைத் தொட்டு, கோட்டைக் கட்டுமான மேதை வோபான் 1633இல் பிறந்த சேன்-லேஜே ஊரின் வழியே பியேர்-கி-வீர் மடத்துக் காட்டுக்குள் நுழைந்து, சேன்-தான்யான் ஏரியைக் கடந்து, மாலையில் செத்தோன் ஏரிக்கரையை அடைகிறது அந்த வழி. முந்தைய இரவு முழுவதும் மழை பெய்திருந்ததால் சேற்றை எதிர்பார்த்தே கிளம்பினோம். ஆனால் மோர்வானின் கருங்கல் சிதைந்து உருவாகும் பருமணல் நீரைத் தேக்கிவைப்பதில்லை, வடித்துவிடுகிறது. காட்டுப் பாதையின் நடுவில் புல் முளைத்த முதுகும் அதன் இருபுறமும் நறநறவென்று ஒலிக்கும் இளஞ்சிவப்பு மணல்தடமும் நீண்டு சென்றன. சக்கரம் புதையவுமில்லை, வழுக்கவுமில்லை. ஃபோந்தேன்புளோ காட்டில் சைக்கிள் ஓட்டியவர்கள் அங்குள்ள நுண்ணிய வெண்மணலில் முன்சக்கரம் புதைந்து நின்றுபோகும் எரிச்சலை அறிந்திருப்பார்கள்; பாரிஸிலிருந்து முக்கால் மணி நேரத்துக்குள் சென்றுவிடலாம் என்ற வசதி அந்தக் காட்டுக்கு உண்டு என்றாலும், ஓட்டுவதற்கு இனிய மண் மோர்வானுடையதே என்பேன்.

செத்தோன் ஏரி இயற்கையானது அன்று. பாரிஸின் அடுப்புகளுக்கு வேண்டிய விறகை மோர்வான் காடுகளில் வெட்டி, க்யூர் ஆற்றிலும் யோன் ஆற்றிலும் மிதக்கவிட்டுத் தலைநகருக்கு அனுப்பிய காலத்தில், கட்டைகளைத் தள்ளிச் செல்லப் போதிய நீரைத் தேக்கிவைத்துத் திறந்துவிடுவதற்காக 1858இல் கட்டி முடிக்கப்பட்ட அணையால் உருவானது அது. ஏரியைச் சுற்றிச் செல்லும் கரைப்பாதையைக் கோப்பில் சேர்த்திருந்தது மிக நல்ல முடிவு. நாள் முழுதும் ஏறி இறங்கிய கால்களுக்குச் சமதளமான அந்தக் கடைசிக் கிலோமீட்டர்கள் பெரும் ஆறுதலாயின. தங்கிய விடுதியில் சைக்கிள்களைப் பூட்டிவைக்கத் தனிக் கொட்டகையும், கழுவுவதற்குக் குழாயும் இருந்தன. இரவுணவும் தாராளம்.

இரண்டாம் நாள் கூலூ அருவியைத் தாண்டி தன்-லே-பிளாஸ் ஊரை நோக்கிச் செல்லும்போதுதான் கோப்பின் பலவீனம் வெளிப்பட்டது. மோர்வான் காட்டில் பழைய ஓக், பீச் மரங்களுக்குப் பதிலாக, வட அமெரிக்காவிலிருந்து வந்த டக்ளஸ் ஊசியிலை மரங்களை வரிசை வரிசையாக நட்ட தோட்டங்கள் இப்போது பெரும்பரப்பில் இருக்கின்றன. அவை வளர்ந்ததும் ஒரு சரிவு முழுவதையும் ஒரே மூச்சில் வெட்டிவிடுகிறார்கள். உள்ளூரிலேயே இதற்குக் கடும் எதிர்ப்பு உண்டு. நாங்கள் சென்ற சரிவில் வெட்டு முடிந்து, கனரக வண்டிகள் கட்டைகளை இழுத்துச் சென்றுவிட்டிருந்தன. திரையில் நேர்கோடாகத் தெரிந்த பாதை இருந்த இடத்தில் முழங்கால் ஆழத்துக்கு நீர் நிறைந்த இரண்டு சக்கரப் பள்ளங்களும், அவற்றின் மேல் குவிந்த கிளைக்கழிவுகளும்தான் இருந்தன. சைக்கிளைத் தோளில் சுமந்து நான்கு கிலோமீட்டரைக் கடக்க ஒன்றரை மணி நேரம் ஆனது. நல்ல மண்கூட அவ்வளவு எடையுள்ள வண்டிகளைத் தாங்காது.

மரம் வெட்டுவது நிறுவனத்தின் பிழையன்று. ஆனால் வெட்டப்பட்ட அடிமரங்கள் அன்று நேற்று வெட்டியவையாகத் தெரியவில்லை. வெட்டுமுகங்கள் சாம்பல் நிறமாகிவிட்டிருந்தன. அந்த ஆண்டில் யாரும் அந்த வழியே ஓட்டிப் பார்க்கவில்லை என்பதற்கு வேறு சான்று வேண்டாம். அதற்கு அப்பால் இரண்டு கிலோமீட்டரில் கோப்பு எங்களை அழைத்துச் சென்ற மற்றொரு பாதையின் முகப்பில் ‘தனியார் சொத்து’ என்ற பலகை நின்றது. இவ்வகைப் பலகையுள்ள தனியார் காட்டுக்குள் அனுமதியின்றி நுழைவதை 2023 பிப்ரவரியில் இயற்றப்பட்ட சட்டம் 135 யூரோ அபராதத்துக்குரிய குற்றமாக்கியிருக்கிறது. பணம் வாங்கிக்கொண்டு தரும் வழித்தடத்தில் இப்படியொரு பாதை இருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. பிரெஞ்சு நிலவரைபட நிறுவனம் இணையத்தில் இலவசமாகவே வழங்கும் 1:25,000 அளவு வரைபடத்தில் காட்டுச் சாலையும் ஒற்றையடித் தடமும் தனித்தனிக் கோடுகளால் காட்டப்படுகின்றன. அதைத் திறந்து, ஊருக்குச் சொந்தமான வண்டிப்பாதை ஒன்றைக் கண்டுபிடித்து நாங்களே சுற்றிச் சென்றோம். அவசரத்துக்கென்று கொடுத்திருந்த தொலைபேசி எண்ணில் மாலை ஆறு மணிக்குத்தான் பதில் கிடைத்தது. பேசியவர் மிகவும் பணிவானவர் என்பதையும் சொல்ல வேண்டும்.

தன்-லே-பிளாஸ் தேவாலயத்தின் முன்னால்தான், 1944 ஜூனில் ஜெர்மானியப் படையினர் ஊர் ஆண்களைச் சுட்டுக் கொன்றார்கள். மூன்று நாட்களில் பலியானவர்கள் 27 பேர். வழித்தடம் அந்த வாசலை ஒட்டியே செல்கிறது. இருந்தும் உடன் தந்த குறிப்பேட்டில் அந்த ஊருக்கு எதிரே ‘காபி கிடைக்கலாம்’ என்று மட்டுமே எழுதியிருந்தது. அதுவும் கிடைக்கவில்லை. அன்று திங்கட்கிழமை, பிரெஞ்சுச் சிற்றூர்களில் திங்களன்று ரொட்டிக்கடைகூடப் பூட்டியிருப்பது வழக்கம் என்பதால், முந்தைய நாளே உணவை வாங்கிப் பையில் வைத்துக்கொள்ள வேண்டும் என்ற ஒரு வரியைக் குறிப்பேட்டில் சேர்த்திருக்கலாம். தண்ணீருக்குக் கவலையில்லை. ஊர்க் கல்லறைத் தோட்டங்களில் குழாய் இருக்கும். குடிக்கத் தகாதது என்ற பலகை இல்லையென்றால் அங்கே குடுவையை நிரப்பிக்கொள்வது இந்நாட்டுச் சைக்கிளோட்டிகளின் பழைய பழக்கம்.

ஷோம்சோன் ஏரியைக் கடந்து லோர்மில் தங்கி, மூன்றாம் நாள் வடக்கே திரும்பியபோது மண்ணின் நிறமே மாறியது. கருங்கல் மேடு முடிந்து சுண்ணாம்புக்கல்லும் களிமண்ணும் தொடங்கும் விளிம்பு அது. வோபான் 1675இல் வாங்கிய பசோஷ் கோட்டைக்குக் கீழே, வெள்ளைச் சரளையிட்ட வயல்வழிகள் வெயிலில் கண்ணைக் கூசவைத்தன. அவற்றில் ஓட்டியதுதான் இப்பயணத்திலேயே மிக விரைவான ஓட்டம். ஆனால் நிழலான பள்ளங்களில் தேங்கியிருந்த களிமண் டயரில் அப்பிக்கொண்டு, சட்டகத்துக்கும் சக்கரத்துக்கும் இடையே அடைத்து, இரண்டு முறை எங்களை இறங்கிச் சுரண்டவைத்தது. மழைக்குப் பின் முதல் இரண்டு நாட்களின் வழி தாங்கும், மூன்றாம் நாளின் வழி தாங்காது என்பதே இதன் பொருள். ஈரமான வாரத்தில் பசோஷிலிருந்து வெசலே வரை தார்ச்சாலையைப் பிடித்துக்கொள்வதே மேல். உலகப் பாரம்பரியச் சின்னமாக 1979இல் சேர்க்கப்பட்ட வெசலே பேராலயத்துக்குக் குன்றேறும் கடைசிச் சரிவில் நண்பர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வந்தார்; நான் தள்ளவில்லை என்பதை அவர் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

இடங்களும் தங்கலும் சைக்கிளும் கொடுத்த விலைக்குத் தகுதியானவையே. வரைபடம் வாசிக்கத் தெரிந்தவர்கள் தயங்காமல் பதிவு செய்யலாம். திரையிலுள்ள கோட்டை மட்டும் நம்பி ஓட்டுபவர்கள், கோப்பைக் கடைசியாக எந்த மாதம் நேரில் ஓட்டிச் சரிபார்த்தார்கள் என்று முதலில் எழுத்துவழியே கேட்டுவிட வேண்டும். வேட்டைக்காலம் பொதுவாக இலையுதிர் காலத்திலிருந்து பிப்ரவரி இறுதிவரை நீள்வதால், மே, ஜூன் மாதங்களே எனக்குச் சரியாகப் படுகின்றன. உண்ணிகளுக்கு அஞ்சி நீளமான காலுறை அணிவதும் நல்லது.

திரும்பிய பின், பழுதான இரண்டு இடங்களையும் வரைபடத்தில் குறித்து நிறுவனத்துக்கு அனுப்பினேன். ஒன்பது நாட்களில் நன்றியுடன் திருத்திய கோப்பு வந்தது. தனியார் பாதையும் வெட்டிய சரிவும் அதில் இல்லை. எந்தப் பிழையும் இல்லாத செத்தோன் ஏரிக்கரைப் பாதையையும் சேர்த்து நீக்கியிருக்கிறார்கள்.