கோழிக்கூண்டு ஆர்டர் கொடுக்கப் போகும் மதுரைக்காரர்கள் கவனத்துக்கு: 38,500 ரூபாய் போச்சு

கோபத்தோடுதான் எழுதுகிறேன், வார்த்தை முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். வீட்டுக் கொல்லையில் பத்துக் கோழி வளர்க்கலாம் என்று ஆசைப்பட்டு, போனில் வரும் அழகழகான கூண்டு வீடியோக்களைப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு அப்புறம் அட்வான்ஸ் போடுங்கள். எனக்குப் போனது 38,500 ரூபாய். கூடவே இந்த வாரம் ஏழு கோழி, அதில் ஒன்று அடைக்கு உட்கார்ந்திருந்தது. கூண்டு எப்படி இருக்கணும் என்பதைக் கடைசியில் விவரமாக எழுதுகிறேன், முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வீடு கடச்சனேந்தல் பக்கம், மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி. பின்னால் இரண்டு சென்ட் இடம், ஒரு வேப்பமரம், ஒரு முருங்கை. அத்தை கல்யாணமாகி வந்த நாளிலிருந்து கோழி வளர்த்தவர். அவருக்கு எல்லாமே பஞ்சாரம்தான், கவிழ்த்து மேலே ஒரு கல்லைத் தூக்கி வைத்தால் வேலை முடிந்தது. இப்போது மூட்டுவலி, குனிய முடியவில்லை. நின்றபடியே முட்டை எடுக்கிற உயரத்தில், பார்க்கவும் லட்சணமாக ஒன்று செய்துவிடலாம் என்று நானும் வீட்டுக்காரரும் தேடியதில் மாட்டியதுதான் இந்தப் பட்டறை. ரிங் ரோட்டுப் பக்கம் ஒரு வெல்டிங் ஷெட், கூண்டு வீடியோ போட்டே ஆர்டர் பிடிக்கிறார்கள். பெயரை இங்கே போடவில்லை.

அந்த ஆள் வீட்டுக்கு வந்து இடம் பார்த்த விதத்தைச் சொல்லியே ஆகணும். நான் பத்துக்கு ஆறு அடி கேட்டேன். அவரே, "எதுக்குக்கா அவ்வளவு பெருசு? பதினொரு சிறுவிடைக் கோழிக்கு ஆறுக்கு நாலு தாராளம், ஒரு கோழிக்கு ரெண்டு சதுர அடிதான் கணக்கு, பகல்ல வெளியே மேயத்தானே போகுது" என்றார். வியாபாரத்தைத் தானே குறைத்துக்கொள்கிற ஆளை யார்தான் சந்தேகப்படுவார்கள்? அப்புறம் காம்பவுண்டுச் சுவர் மூலைக்குப் போய்க் குத்தவைத்து உட்கார்ந்தார். அங்கே ஒரு வளை, வாயில் புது மண் தள்ளிக் கிடந்தது. விரலால் அந்த மண்ணை எடுத்து நசுக்கிப் பார்த்துவிட்டு, "பெருச்சாளிக்கா. இது தோண்டுற வழியிலதான் கீரியும் வரும். கூண்டைச் சுத்தி ஒரு அடி ஆழத்துக்கு வலை புதைச்சுத் தந்துடறேன், என் தங்கச்சி வீட்டுக்கும் அப்படித்தான் செஞ்சேன்" என்றார். அத்தையே அசந்துவிட்டார். "விவரம் தெரிஞ்ச பிள்ளைம்மா" என்று மோர் கொண்டுவந்து கொடுத்தார். அந்த மோரைக் குடித்துக்கொண்டே வலைக்கு வந்தார்: "எல்லாரும் 19 கேஜ் போடுவாங்க, நாங்க 22 கேஜ்தான்க்கா போடுறது." 19ஐ விட 22 பெரிசு என்றுதானே கேட்கிறவர்களுக்குத் தோன்றும்? 25,000 ரூபாய் அட்வான்ஸை அங்கேயே போனில் அனுப்பினோம்.

சொன்ன தேதி தாண்டித்தான் வந்தது, அது போகட்டும். குட்டியானை வண்டியில் நிற்கும்போது பார்க்க அப்படியே வீடியோவில் இருந்த மாதிரிதான். மயில் நீலப் பெயின்ட், சரிவுக் கூரை, குட்டி ஜன்னல், வாசலில் சின்ன ஏணி. "இறக்குறதுக்கு முன்னாடி பேலன்ஸைப் போட்டுருங்கக்கா, வண்டிக்கு வாடகை ஏறுது" என்றான் கூட வந்த பையன். 13,500 போட்டோம். ஆக மொத்தம் 38,500. இறக்கி வைத்துவிட்டு வலை புதைக்காமலே கிளம்பினார்கள். கேட்டதற்கு, அதற்குத் தனி ஆள் நாளைக்கு வருவான் என்றார்கள்.

இன்றைக்கு வரை அந்தத் தனி ஆளின் முகத்தை நான் பார்க்கவில்லை.

கிட்டே போய்ப் பார்த்தால்தான் தெரிகிறது. வலை அறுகோணக் கண் போட்ட மெலிசு வலை, கட்டை விரலால் அழுத்தினால் உள்வாங்குகிறது. அதையும் சட்டத்தோடு வெல்டு வைக்கவில்லை, பிளைவுட்டில் ஸ்டேப்ளர் பின் அடித்து, பின் தெரியாமல் மேலே பெயின்ட்டைப் பூசியிருக்கிறார்கள். தெருமுனை ஹார்டுவேர் கடையில் ஒரு துண்டைக் கொண்டுபோய்க் காட்டினேன். கடைக்கார அண்ணன் சிரித்துவிட்டு, "கேஜ் நம்பர் ஏற ஏறக் கம்பி மெலியும்மா, 22ங்கிறது 19ஐ விட ஒல்லி. இது கோழி வெளியே போகாம இருக்கத்தான், வெளியே இருந்து வர்றதைத் தடுக்காது" என்றார். எனக்கு எப்படி இருந்திருக்கும்?

அடுத்தது வெயில். சித்திரை மாத மதுரை வெயிலைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கூண்டுக்கு நாலு பக்கமும் பிளைவுட் அடைப்பு, குட்டி ஜன்னல் திறக்கவே திறக்காது, அழகுக்கு ஒட்டி வைத்தது. மேலே வெறும் தகரம். மதியம் கூரையில் கை வைக்க முடியவில்லை. கோழிக்கு வியர்க்காது, வாயைப் பிளந்து மூச்சு வாங்கித்தான் சூட்டை வெளியேற்றும். முட்டையிட உள்ளே போன கோழியெல்லாம் இறக்கையை அகட்டிக்கொண்டு, வாயைத் திறந்தபடி வெளியே ஓடி வந்தன. போன் செய்தேன். "பழகிரும்க்கா, கொஞ்ச நாள்ல செட் ஆயிரும்" என்றார். கோழி எப்படி நாற்பது டிகிரிக்குச் செட் ஆகும்?

நாங்களே தென்னங்கிடுகு வாங்கித் தகரத்துக்கு மேல் போட்டோம். வலையாவது புதைத்துக் கொடுங்கள் என்று திரும்பக் கேட்டபோது, அழகர் ஆற்றில் இறங்கட்டும், அதுவரை பட்டறை லீவு என்றார்கள். சரி, திருவிழா நேரம், நியாயம்தான். அழகர் எங்கள் ஊர் வழியாகத்தான் போகிறார், வருகிறார். அவர் இறங்கி, மலைக்கும் திரும்பிவிட்டார், பட்டறை மட்டும் திறக்கவில்லை. வீடியோ மட்டும் புதுசு புதுசாக வந்துகொண்டிருந்தது! அப்புறம் மாஸ்டர் ஊருக்குப் போயிருக்கிறார் என்றார்கள். அதற்கும் அப்புறம் ஒரு பையன் போனை எடுத்து, "சார் இருந்தா குடுங்கக்கா, அவர்ட்ட பேசிக்கிறோம்" என்றான். வீட்டுக்காரர் பேசினால், அக்காவிடம் எல்லாம் சொல்லிவிட்டோமே என்று கட் பண்ணிவிட்டான். வீடியோவின் கீழே நான் போட்ட கமென்ட் கொஞ்ச நேரத்தில் காணோம்.

இந்த வாரம் விடியற்காலையில் கோழிகள் கத்துகிற சத்தம் கேட்டு ஓடினால், ஒரு கீரி சுவர் மேல் ஏறி ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுப் போகிறது. சுவர் மூலையில் இருந்த அதே பெருச்சாளி வளை, கூண்டின் அடியில் வந்து திறந்திருந்தது. அந்த ஆள் விரலால் மண்ணை நசுக்கிக் காட்டிய அதே வளைதான். ஏழு கோழி. எல்லாவற்றுக்கும் கழுத்தில்தான் கடி, தின்னக்கூட இல்லை. தெரியாதவன் செய்திருந்தால் போய்த் தொலைகிறது என்று விட்டிருப்பேன். இவனுக்கு என்ன வரும், எந்த வழியாக வரும், எதைப் புதைத்தால் வராது என்று எல்லாமே தெரியும். அதைச் சொல்லித்தான் 38,500 ரூபாய் வாங்கினான். (மேலே 'அவர்' என்று எழுதியதை மாற்றவில்லை, அப்போது இருந்த மரியாதை அது.)

போட்டோ எடுத்து அனுப்பினேன். நீல டிக் விழுந்தது. சாயங்காலம் ஒரு வாய்ஸ் மெசேஜ்: "அக்கா, நாங்க கூண்டுதான் செஞ்சு குடுத்தோம். கீரிக்குக் காவல் இருக்கோம்னு எங்கயாவது சொன்னோமா?" அதோடு நம்பரை பிளாக் செய்துவிட்டான். பில் என்று அவர்கள் கொடுத்தது ஒரு துண்டுச் சீட்டு, அதில் 'கூண்டு 1' என்று மட்டும் இருக்கிறது.

விவரமாக எழுதுகிறேன் என்றேன், இப்போது அதற்குப் பொறுமை இல்லை, முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். அரை அங்குலச் சதுரக் கண் வெல்டு மெஷ் கேளுங்கள், 19 கேஜுக்கு மேல் நம்பர் போனால் வேண்டாம் என்று சொல்லுங்கள், சட்டத்தோடு பட்டை வைத்து ஸ்குரூ போட்டிருக்கிறதா என்று இழுத்துப் பாருங்கள். சுற்றி ஒரு அடி ஆழம் வலை புதைக்கணும், தோண்ட முடியாத தரை என்றால் இரண்டு அடி அகலத்துக்கு வெளிப்பக்கம் விரித்துக் கல் வைக்கணும், இது முடியாமல் பேலன்ஸ் கொடுக்காதீர்கள். நம் ஊர் வெயிலுக்கு அடைப்பு ஒன்றரை அடி உயரம் போதும், அதற்கு மேல் வலைதான். நீளப்பக்கம் கிழக்கு மேற்காக இருந்தால் வெயில் நேராக உள்ளே அடிக்காது. நாலைந்து கோழிக்கு ஒரு முட்டைப் பெட்டி, ஓரடிச் சதுரம். பெயின்ட் கலர் எல்லாம் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். வலை எந்த வகை, எத்தனை கேஜ், புதைப்பது யார் பொறுப்பு என்பதைப் பில்லில் எழுதி வாங்குங்கள். வாய்ஸ் மெசேஜ் எதையும் அழிக்காதீர்கள்.

நுகர்வோர் உதவி எண் 1915க்குப் பேசிப் புகார் பதிந்தாயிற்று. அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் போடப் போகிறேன், ஐந்து லட்சம் வரைக்கும் கட்டணம் கிடையாது, வக்கீல் இல்லாமலே போடலாம். ரிங் ரோட்டுப் பக்கம் இதே மயில் நீலக் கூண்டு வாங்கி ஏமாந்தவர்கள் இருந்தால் எனக்குத் தனியாக மெசேஜ் அனுப்புங்கள், பணம் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டோடு.