'வைஃபை ஐசி போயிடுச்சு' என்று சொன்னால் டேப்லெட்டைக் கையில் வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுங்கள்

கீழக்கரை, ஏர்வாடி, ராமநாதபுரம் பக்கம் இருப்பவர்கள், அதிலும் வெளிநாட்டில் இருந்து பிள்ளைகள் கொடுத்துவிட்ட டேப்லெட் வைத்திருப்பவர்கள், இதைப் படித்துவிடுங்கள். ராமநாதபுரத்தில் ஒரு சர்வீஸ் கடையில் எங்களுக்கு 2,800 ரூபாயும், உம்மாவின் டேப்லெட்டில் இருந்த அத்தனை போட்டோவும் போய்விட்டன. கடைசியில் பார்த்தால் டேப்லெட்டில் கோளாறே இல்லை.

தம்பி துபாயில் இருக்கிறான். அங்கே வாட்ஸ்அப்பில் கால் போகாது, போட்டிம் என்கிற ஆப்பில்தான் பேச்செல்லாம். உம்மாவுக்குப் பேத்தி முகம் பெரிதாகத் தெரியட்டும் என்று அங்கே தேரா பகுதியில் ஒரு டேப்லெட் வாங்கிக் கொடுத்துவிட்டான். சிம் போட முடியாது, வைஃபை மட்டும்தான். பழைய நெட் இணைப்பில் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. அப்புறம் ஃபைபருக்கு மாறினோம். வீட்டில் இருக்கிற போன் எல்லாவற்றிலும் புது வைஃபை வந்துவிட்டது, டேப்லெட்டில் மட்டும் அந்தப் பெயரே காட்டவில்லை. இணைப்பு கொடுக்க வந்தவர் "அது உங்க டேப்லெட் பிரச்சினை, கடையில காட்டுங்க" என்று சொல்லிவிட்டு பைக்கை எடுத்துவிட்டார்.

கடைக்காரர் என் கண் முன்னால் ஒரு தடவைகூட வைஃபையைப் போட்டுப் பார்க்கவில்லை. உள்ளே கொண்டு போனார், வந்தார், "பாய், வைஃபை ஐசி போயிடுச்சு, கடக்காத்து உப்பு ஏறிருக்கு" என்றார். வைஃபை சிக்னலைப் பிடிக்கிற சிப்பைத்தான் ஐசி என்கிறார். நம் ஊரில் உப்புக்காற்று என்று சொன்னால் யார்தான் மறுப்பார்கள், இரும்புக் கதவே ரெண்டு வருஷத்தில் உதிர்கிற இடம். லாக் பேட்டர்னையும் கேட்டு எழுதிக்கொண்டார். திரும்ப வாங்கப் போனபோது கடை வைஃபையில் வீடியோ ஓடவிட்டுக் காட்டினார். உள்ளே பார்த்தால் எல்லாம் காலி. ரீசெட் செய்தால் எல்லாம் அழிந்துவிடும் என்று முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லவில்லை, கேட்டதற்கு "ஐசி மாத்துனா அப்படித்தான்" என்று ஒரு பதில். கழற்றிய பழைய ஐசியைக் கேட்டேன், குப்பையில் போட்டாச்சாம். பில்லும் இல்லை, துண்டுச் சீட்டில் தொகை மட்டும். பின்பக்க மூடியில் ஒரு மூலை இப்போது தூக்கிக்கொண்டு நிற்கிறது, உப்புக்காற்று இனிமேல்தான் நிஜமாகவே ஏறும்.

வீட்டுக்கு வந்தால் பழைய கதைதான். போன் போட்டால் "அப்போ ஆன்டெனாவும் போயிருக்கும், கொண்டாங்க, 1,500 ஆகும்" என்கிறார்.

ராத்தா மகன் இன்ஜினியரிங் படிக்கிறான், லீவுக்கு வந்திருந்தான். அவன் முதலில் தன் போனில் ஹாட்ஸ்பாட் போட்டான், டேப்லெட் உடனே பிடித்தது. பக்கத்து வீட்டு வைஃபை பெயரும் பட்டியலில் இருந்தது, எங்கள் வீட்டுப் பெயர் மட்டும்தான் இல்லை. ஃபைபர் பெட்டியின் செட்டிங்ஸைத் திறந்தான் (எங்கள் பெட்டிக்கு பிரவுசரில் 192.168.1.1, உங்களுடையதற்கு அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பாருங்கள்). சேனல், அதாவது வைஃபை ஓடுகிற அலைவரிசை எண், 'ஆட்டோ'வில் இருந்தது, அது தானாகப் போய் 13-இல் உட்கார்ந்திருந்தது. விஷயம் அவ்வளவுதான். 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் நம் நாட்டில் 1 முதல் 13 வரை சேனல் உண்டு, அமெரிக்காவில் வழக்கமாக 11 வரைதான், அதனால் அந்த ஊர்ச் சந்தைக்குச் செய்த கருவிகளில் பல 12, 13 பக்கம் திரும்பியே பார்க்காது. தம்பி வாங்கியது அப்படி ஒரு சரக்கு, கூட வந்த சார்ஜரே அமெரிக்க மாதிரி தட்டை முள் வைத்தது. சேனலை 6-க்கு மாற்றினான், பெட்டி ஒருமுறை அணைந்து எரிந்தது, பெயர் வந்துவிட்டது. கடையில் வேலை செய்ததும் ஐசி மாற்றியதால் இல்லை, கடை வைஃபை வேறு சேனலில் இருந்திருக்கும்.

சரி, உங்களுக்கு இதுபோல வந்தால், கடைக்குப் போகும் முன் ஹாட்ஸ்பாட் ஒன்றைப் போட்டுப் பாருங்கள். அதைப் பிடித்தால் ஐசி உயிரோடு இருக்கிறது. நிஜமாகவே ஐசி போயிருந்தால் பெரும்பாலும் வைஃபை பட்டனே ஆன் ஆகாது, செட்டிங்ஸில் 'அபவுட்' பக்கத்தில் வைஃபை மேக் முகவரி (கருவியின் அடையாள எண்) இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றும் இருக்காது. சில பெட்டியில் 5 கிகாஹெர்ட்ஸுக்குத் தனிப் பெயர் இருக்கும், பழைய டேப்லெட்டில் பல 2.4 மட்டும்தான் பிடிக்கும், அந்தப் பெயர் தெரியாததும் கோளாறு இல்லை. பெயர் தெரிந்து, பாஸ்வேர்டும் சரியாக இருந்து, இணையவில்லை என்றால் பெட்டியில் பாதுகாப்பு முறை புதிதான டபிள்யூபிஏ3 மட்டும் என்று இருக்கிறதா பாருங்கள், பழைய டபிள்யூபிஏ2-வும் சேர்ந்த முறைக்கு மாற்றினால் பழைய கருவி ஏறிக்கொள்ளும்.

கொடுத்தே ஆக வேண்டும் என்றால் போட்டோவை எடுத்து வைத்துக்கொண்டு கொடுங்கள், பில் கேளுங்கள். பில் தர மறுப்பதே 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் நியாயமற்ற வணிக முறைதான்.

நான் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் போட்டு நுகர்வோர் புகார் பதிந்துவிட்டேன். அதற்குப் பிறகு கடைக்காரர் அழைத்து, பாதிப் பணம் தருகிறேன், வாபஸ் வாங்குங்கள் பாய் என்றார். முழுப் பணமும் வராமல் வாபஸ் கிடையாது, இழுத்தடித்தால் ராமநாதபுரம் நுகர்வோர் ஆணையத்தில் மனு போடுவேன் என்று சொல்லியிருக்கிறேன்.