மருந்து அட்டையா, செல்போனா, சீனியர் சிஸ்டரா: வார்டில் எது கைகொடுக்கும்?

தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, மயிலாடுதுறை என்று நம்ம டெல்டா பக்கம் ஜி.என்.எம்., ஏ.என்.எம். என்ற செவிலியர் படிப்பு படிக்கிற பிள்ளைகள் வார்டு போஸ்டிங் வந்ததும் என்னிடம் கேட்கிற முதல் கேள்வி இதுதான்: இத்தனை மருந்தின் பக்கவிளைவுகளை எதை நம்பி கவனிப்பது? ஒவ்வொரு மருந்துக்கும் அதன் விவரத்தை வகுப்பில் எழுதச் சொல்கிற மருந்து அட்டை போதுமா, ஃபோனில் மருந்து விவரம் சொல்கிற ஒரு செயலி இறக்கிக்கொண்டால் போதுமா, இல்லை சீனியர் சிஸ்டரைக் கேட்டுக் கேட்டுப் பழகிக்கொள்ளலாமா? மூன்றையும் நான் நம்பியிருக்கிறேன். மூன்றும் ஒவ்வொரு சமயம் காலை வாரியும் இருக்கின்றன. அதனால் வார்டில் தினம் கையில் எடுக்கிற சில மருந்துகளை வைத்தே மூன்றையும் பார்த்துவிடலாம்.

முதலில் இன்சுலின். நான் இரண்டாம் வருடம் படிக்கும்போது நடந்தது. நாச்சியார்கோவில் பக்கத்திலிருந்து வந்து படுத்திருந்த ஒரு பாட்டிக்குக் காலை 16 யூனிட் போட வேண்டும். வார்டில் இருந்தது சிவப்பு மூடி போட்ட 40 யூனிட் சிரிஞ்ச், அதாவது ஒரு மில்லிக்கு 40 யூனிட் உள்ள இன்சுலினுக்கான கோடு போட்டது. மருந்து தீர்ந்திருந்ததால் பேரன் வெளியே மெடிக்கலில் வாங்கிவந்து கொடுத்தான். நான் 16 கோடு வரை இழுத்துவிட்டேன், கை நடுங்காமல் இழுத்தோம் என்ற திருப்தி வேறு. பக்கத்தில் நின்ற சிஸ்டர் என் கையைப் பிடித்து, "பாப்பா, குப்பியைத் திருப்பிக் காட்டு" என்றார். குப்பியில் ஒரு மில்லிக்கு 100 யூனிட் என்று இருந்தது. 40 சிரிஞ்சில் 16 கோடு என்றால் 0.4 மில்லி, அந்தக் குப்பியில் 0.4 மில்லி என்றால் 40 யூனிட். பாட்டிக்கு இரண்டரை மடங்கு போயிருக்கும்.

அன்றைக்கு என் பையில் இன்சுலின் அட்டை இருந்தது, அழகான கையெழுத்தில். சர்க்கரை குறைதல், ஊசி போட்ட இடம் தடித்தல், எடை கூடுதல் என்று வரிசையாக எழுதி டீச்சரிடம் கையெழுத்தும் வாங்கியிருந்தேன். குப்பியும் சிரிஞ்சும் ஒத்துப்போகிறதா பார் என்று அதில் ஒரு வரி இல்லை. செயலியும் இங்கே உதவியிருக்காது. பிள்ளைகள் அதிகம் இறக்குகிற அமெரிக்கச் செயலிகள் 100 யூனிட் இன்சுலினைத்தான் வழக்கம் என்று வைத்துக்கொண்டு பேசுகின்றன, நம்ம ஊர் சிவப்பு மூடி அவற்றின் கணக்கிலேயே கிடையாது. ஆனால் இன்சுலின் எத்தனை மணிக்கு உச்சத்துக்குப் போகும் என்பதைச் செயலி தெளிவாகச் சொல்லும், அதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். ரெகுலர் இன்சுலின் போட்டு இரண்டிலிருந்து நான்கு மணி நேரத்தில் உச்சம். காலை 7 மணிக்குப் போட்டால் 9 முதல் 11 வரை. அந்த நேரத்தில்தான் ரவுண்ட்ஸ் நடக்கும், ஸ்கேனுக்கு அழைத்துப் போய் வெறும் வயிற்றோடு வரிசையில் உட்கார வைப்பார்கள், நாம் வேறு கட்டிலில் வேறு வேலையாக இருப்போம். பாட்டி இட்லியைத் தொட்டாரா இல்லையா என்பது அந்த இரண்டு மணி நேரத்தில்தான் தெரியவரும்.

அடுத்தது பிரசவ வார்டு, மக்னீசியம் சல்பேட். ரத்த அழுத்தம் ஏறி வலிப்பு வந்த, இல்லை வரப்போகிற கர்ப்பிணிக்கு இது உயிர் காக்கிற மருந்து. அளவு மீறினால் அதே மருந்து மூச்சை நிறுத்திவிடும். இதை விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் அட்டையின் பெரிய குறை இங்கேதான் வெளிச்சத்துக்கு வரும். இந்த மருந்தைக் கொடுக்கிற பிரிட்சார்டு என்ற முறையில் முதலில் 4 கிராம் நரம்பில் மெதுவாக, அப்புறம் இரண்டு புட்டத்திலும் 5 கிராம் வீதம் ஆழமாகத் தசையில், பிறகு நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை 5 கிராம். நம்ம ஊரில் வருகிற 50 சதவீத ஆம்புலில் 2 மில்லிக்கு 1 கிராம், அதனால் ஒரு பக்கத்துக்கே 10 மில்லி போகும், அந்தப் பெண் எரிகிறது என்று துடிப்பாள். ஒவ்வொரு அடுத்த டோஸுக்கு முன்னும் மூன்றைப் பார்க்க வேண்டும்: முழங்கால் துடிப்பு (முழங்காலுக்குக் கீழே தட்டினால் கால் தானாக உதறுவது) இருக்கிறதா, மூச்சு நிமிடத்துக்கு 16-க்குக் குறையாமல் இருக்கிறதா, சிறுநீர் மணிக்கு 30 மில்லியாவது இறங்குகிறதா. ஒன்று இல்லையென்றாலும் ஊசியைக் கீழே வைத்துவிட்டு டாக்டரைக் கூப்பிட வேண்டும். இதற்கு முறிவு மருந்தான கால்சியம் குளுக்கோனேட், 10 சதவீதம், 10 மில்லி, டிரேயில் தயாராக இருக்க வேண்டும்.

இதில் வரிசைதான் உயிர். முதலில் போவது முழங்கால் துடிப்பு, அப்புறம்தான் மூச்சு, அதற்கும் பிறகு இதயம். என் அட்டையில் குமட்டல், முகம் சிவத்தல், வியர்வை, தலைவலி எல்லாம் முதலில் வந்து மூச்சுத் தளர்வு கடைசிக்குப் பக்கத்தில் கிடந்தது. பாடப்புத்தகத்தில் இருந்த வரிசையை அப்படியே நகலெடுத்தேன். பரீட்சைக்கு மார்க் வந்தது, கண் எதை முதலில் தேட வேண்டும் என்பது வரவில்லை. செயலியைத் திறந்தால் ரத்தத்தில் மக்னீசியம் எவ்வளவு, பம்பில் மணிக்கு எத்தனை கிராம் என்று போகிறது. ராத்திரி ரெண்டு மணிக்கு ஆய்வக முடிவு கைக்கு வராத இடத்தில் அந்த எண்ணை வைத்து என்ன செய்ய? சிஸ்டர்தான் சொல்லிக்கொடுத்தார். சுத்தியலைத் தேடி ஓடாதே, முழங்காலுக்குக் கீழே கையைக் கொடுத்துத் தூக்கு, கால் தளர்ந்து தொங்கட்டும், உள்ளங்கையின் விளிம்பால் தட்டு. இதை எந்தத் திரையிலும் படித்துக் கற்றுக்கொள்ள முடியாது, கை வைத்துத்தான் வரும்.

இதுவரை படித்தால் சிஸ்டர்தான் ஜெயித்தார் என்று தோன்றும். அப்படி நான் சொல்ல மாட்டேன். வார்டு வழக்கம் நல்லதும் கெட்டதுமாகக் கலந்துதான் கைமாறும். "நாங்க எப்பவும் இப்படித்தான் போடுவோம்" என்று ஒரு சீனியர் சொன்னால் அதை எதிர்த்துக் கேட்க முதல் வருடப் பிள்ளைக்கு வாய் வராது. பொட்டாசியம் குளோரைடு ஆம்புலையும் ஊசி மருந்து கரைக்கிற தண்ணீர் ஆம்புலையும் ஒரே டப்பாவில் போட்டு வைத்திருந்த இடத்தை நான் பார்த்திருக்கிறேன். பொட்டாசியம் குளோரைடு, நீர்க்காமல் நேராக நரம்பில் தள்ளினால் இதயம் நின்றுவிடும் மருந்து. வருஷக்கணக்காக அங்கே எல்லோரும் அதைத் தாண்டித்தான் போய்வந்தார்கள், பழகிய கண்ணுக்கு அது தெரியவில்லை.

செயலி ஜெயிக்கிற இடம் ஒன்று நிச்சயமாக உண்டு, ஒரே ஆளுக்கு நாலு மருந்து ஓடும்போது. இதய நோயுள்ள ஒரு பெரியவருக்கு இதயத்துக்கான டிகாக்சினும் சிறுநீரைக் கூட்டுகிற ஃபுரோசிமைடும் சேர்ந்து போகிறது என்று வையுங்கள். அட்டைகள் இரண்டும் தனித்தனி, ஒன்றோடொன்று பேசாது. செயலியில் இரண்டு மருந்தின் பெயரையும் தட்டினால் போதும், ஃபுரோசிமைடு பொட்டாசியத்தை இறக்கும், பொட்டாசியம் இறங்கினால் டிகாக்சின் விஷமாகத் திரும்பும் என்று உடனே எச்சரிக்கை வரும். ஆனால் பெயர் விஷயத்தில் உஷார். அமெரிக்கச் செயலிகளில் பாராசிட்டமால் அசெட்டமினோஃபென் என்று இருக்கும், சால்பியூட்டமால் ஆல்பியூட்டெரால், அட்ரினலின் எபிநெப்ரின். டெல்டாவில் நடவுக்கும் அறுப்புக்கும் வயலில் இறங்கியவர்கள் பாம்புக்கடியோடு வருவார்கள், விஷமுறிவு மருந்து ஏறத் தொடங்கிய சில நிமிடங்களிலேயே ஒவ்வாமை கிளம்பலாம், அப்போது தொடையில் போட வேண்டிய அரை மில்லிகிராம் அட்ரினலினை ஃபோனில் வேறு பெயரில் தேடிக்கொண்டிருக்க நேரம் இருக்காது. அது முன்னாடியே சிரிஞ்சில் ஏற்றிப் பெயர் எழுதிப் பக்கத்தில் இருக்க வேண்டும். கட்டிலை விட்டு நகரவும் கூடாது.

நான் கடைசியில் வந்து சேர்ந்தது அட்டைக்குத்தான், ஆனால் வகுப்பில் எழுதிய அந்த அட்டை இல்லை. பழையதைக் கிழித்துப்போட்டு மூன்று கட்டமாக மாற்றினேன். முதல் கட்டம், கொடுக்கும் முன் எதைப் பார்ப்பேன்: டிகாக்சின் என்றால் மார்பில் ஸ்டெத் வைத்து முழுசாக ஒரு நிமிடம் எண்ணுவது, 60-க்குக் கீழே இருந்தால் நிறுத்திவிட்டுச் சொல்வது. இரண்டாவது, கொடுத்த பின் எத்தனை மணிக்கு எதைப் பார்ப்பேன். மூன்றாவது கட்டத்தைத்தான் பிள்ளைகளிடம் திரும்பத் திரும்பச் சொல்கிறேன், ஏனென்றால் அது புத்தகத்திலும் இல்லை, செயலியிலும் இல்லை: நோயாளி அதை எப்படிச் சொல்வார்?

யாரும் நம்மிடம் வந்து "எனக்கு சர்க்கரை குறைகிறது" என்று சொல்ல மாட்டார்கள். "கைகாலெல்லாம் வெலவெலங்குது", "வேர்த்து ஊத்துது பாப்பா" என்பார்கள். அமிக்காசின் என்ற ஆன்டிபயாட்டிக் ஊசி போகிறவர் "காதுக்குள்ள வண்டு கத்துற மாதிரி இருக்கு" என்பார். டிகாக்சின் ஏறிப்போனவர் "சோறே இறங்கலம்மா, எல்லாம் மஞ்சளா தெரியுது" என்பார், நாம் வயசாகிவிட்டது என்று விட்டுவிடுவோம். பாம்புக்கடி மருந்து ஏறும்போது "மேலெல்லாம் தினவெடுக்குது" என்று ஒருவர் சொன்னால் அது கொசுக்கடியா என்று யோசிக்காதீர்கள். சில நேரம் நோயாளி சொல்லக்கூட மாட்டார், கூட இருக்கிற பேரன் வந்து "அப்பாயி ஒரு மாதிரியா இருக்கு சிஸ்டர்" என்று மட்டும் சொல்வான். அந்த ஒரு வரிக்கு எழுந்து போய்ப் பார்க்க வேண்டும்.

பயப்பட வேண்டியதையும் வேண்டாததையும் பிரிக்கவும் இந்தக் கட்டம் உதவும். காசநோய் மாத்திரையில் ரிஃபாம்பிசின் சிறுநீரைச் சிவப்பாக்கும். அது ஆபத்தில்லை, ஆனால் முன்னாடியே சொல்லாவிட்டால் ரத்தம் போகிறது என்று பயந்து மாத்திரையை நிறுத்திவிடுவார்கள். அதே கூட்டத்தில் இருக்கிற எத்தாம்புட்டால் சாப்பிடுகிறவர் "கண்ணு மங்கலா இருக்கு" என்றால் அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும். எழுதி முடித்த அட்டையை செயலியில் ஒருமுறை சரிபாருங்கள், வார்டில் சிஸ்டரிடம் காட்டி அவர் சொல்வதைப் பென்சிலால் ஓரத்தில் சேருங்கள். சிஸ்டர் சொன்னதும் செயலி சொன்னதும் முட்டிக்கொண்டால் டாக்டரிடமோ மருந்தாளுநரிடமோ கேட்காமல் ஊசியைத் தொடாதீர்கள்.

மூன்றிலும் விட்டுப்போகிற ஒன்று, பக்கவிளைவு வந்தபின் அதைப் பதிவு செய்வது. 2010-ல் தொடங்கிய இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்துக்கு டாக்டர் மட்டுமில்லை, செவிலியரும் தெரிவிக்கலாம். 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண் இருக்கிறது, படிவமும் செயலியும் இருக்கின்றன. மருந்துதான் காரணம் என்று நிரூபிக்க வேண்டியதில்லை, சந்தேகம் போதும், தெரிவித்ததால் தப்பை ஒத்துக்கொண்டதாகவும் ஆகாது. பிள்ளைகள் தனியாகச் செய்யத் தயங்கினால் வார்டு சிஸ்டரோடு சேர்ந்து நிரப்பலாம். அந்தப் படிவத்தில் மருந்தின் பேட்ச் எண் கேட்பார்கள், அதனால் ஒவ்வாமை வந்த அவசரத்தில் காலிக் குப்பியைக் குப்பையில் போட்டுவிடாமல் ஒரு கவரில் எடுத்து வையுங்கள்.