பாம்பு ஏணியா, பல்லாங்குழியா, டேப்லெட்டா: வீட்டில் எது கணக்கு சொல்லித் தருகிறது?

எங்கள் வீட்டில் இரண்டு பேர், பெரியவனுக்கு ஏழு வயது, சின்னவளுக்கு ஐந்து ஆகப் போகிறது. நோட்டும் பென்சிலுமாக உட்கார வைத்தால் ஐந்து நிமிடத்தில் ஒருவருக்குத் தண்ணீர் தாகம் எடுக்கும், இன்னொருவருக்குப் பாத்ரூம் வரும். அதனால் இந்தக் கோடை லீவில் நோட்டைத் தூக்கிப் பரணில் போட்டுவிட்டு பாம்பு ஏணி, பல்லாங்குழி, தாயம், அடுப்படி அளவை, டேப்லெட் செயலி என்று ஐந்தையும் மாற்றி மாற்றி விளையாட விட்டுப் பார்த்தேன். ஐந்தும் ஒன்றல்ல. எந்த வயதுக்கு எது என்பதில் நான் நினைத்ததும் நடந்ததும் வேறு வேறாக இருந்தன.

முதலில் பாம்பு ஏணி. நாலிலிருந்து ஆறு வயதுக்கு இதை அடிக்க ஆளில்லை, ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. சின்னவள் 23-ல் நிற்கிறாள், பகடையில் நாலு விழுகிறது, அவள் காயை நகர்த்திக்கொண்டே "ஒன்று, இரண்டு, மூன்று, நாலு" என்கிறாள். இப்படி எண்ணினால் கட்டத்தில் அச்சிட்டிருக்கும் எண்ணை அவள் பார்ப்பதே இல்லை, நூறு கட்டத்துக்குப் பதில் நூறு பூ வரைந்திருந்தாலும் அவளுக்கு ஒன்றுதான். "24, 25, 26, 27" என்று கட்டத்து எண்ணையே வாய்விட்டுச் சொல்ல வைத்தால்தான் விளையாட்டு கணக்காக மாறுகிறது. இது என் கண்டுபிடிப்பு இல்லை. அமெரிக்காவில் கீதா ராமணியும் ராபர்ட் சீக்லரும் 2008-ல் வெளியிட்ட ஆய்வில், ஒன்று முதல் பத்து வரை நேர்கோட்டில் எண் போட்ட பலகையில், இரண்டு வாரத்தில் நாலு முறை, ஒவ்வொரு முறையும் கால் மணி நேரம் போல விளையாடிய குழந்தைகளுக்கு எண் அறிவு நன்றாகக் கூடியது. அதே பலகையில் எண்ணுக்குப் பதில் வண்ணம் போட்டு விளையாடியவர்களுக்கு அந்த முன்னேற்றம் வரவில்லை. கட்டத்து எண்ணிலிருந்து தொடர்ந்து எண்ண வைப்பதுதான் முக்கியம் என்று பின்னால் வந்த இன்னொரு ஆய்வும் சொன்னது.

பாம்பு ஏணியின் குறை என்னவென்றால் வரிசை வளைந்து வளைந்து போகும். 10-க்கு நேர் மேலே 11, அங்கிருந்து திசை மாறி நடக்க வேண்டும். சின்னவள் ஒரு வாரம் பத்தாவது கட்டத்துக்கு வந்ததும் மறுபடி இடது ஓரத்துக்கே ஓடிக்கொண்டிருந்தாள். இன்னொரு விஷயம், தமிழிலேயே எண்ண விடுங்கள். பதினொன்று என்றால் பத்தும் ஒன்றும், இருபத்தி மூன்று என்றால் இருபதும் மூன்றும் என்று சொல்லே உடைத்துக் காட்டிவிடுகிறது. ஆங்கிலத்தில் லெவன், ட்வெல்வ் என்பதை வைத்து ஒன்றும் ஊகிக்க முடியாது. (தொண்ணூறு வந்தால் மட்டும் தமிழும் கவிழ்த்துவிடும், தயாராக இருங்கள்.)

தாயம் சின்னவர்களுக்கு வேண்டாம். பித்தளைக் கட்டை உருட்டும் சத்தத்துக்கே பிள்ளைகள் ஓடி வருவார்கள், சரி, ஆனால் காய் இறங்கவே தாயம் (இரண்டு கட்டையும் சேர்ந்து ஒரே புள்ளி) விழ வேண்டுமே. ஒரு கட்டையில் நாலு முகம், புள்ளி இல்லாதது, ஒன்று, இரண்டு, மூன்று. இரண்டு கட்டையையும் சேர்த்தால் 16 விதமாக விழலாம், அதில் தாயம் இரண்டே விதம், அதாவது எட்டில் ஒரு வாய்ப்பு. ஐந்து வயதுக் குழந்தை அத்தனை நேரம் காத்திருக்காது, கட்டை பறக்கும். எட்டு வயதுக்கு மேல் இதே குறை லாபமாகிவிடும். மூன்றுதான் அடிக்கடி விழுகிறது, ஆறும் பன்னிரண்டும் (இரண்டு கட்டையும் புள்ளி இல்லாமல் விழுந்தால் பன்னிரண்டு) எப்போதாவதுதான் விழுகிறது, ஏன் என்று அவர்களே கேட்பார்கள்.

அடுப்படிக் கணக்கு எல்லோரும் சொல்லும் யோசனைதான். எங்கள் அம்மாவிடம் ஒரு பித்தளைப் படி இருக்கிறது. இரண்டு ஆழாக்கு ஒரு உழக்கு, இரண்டு உழக்கு ஒரு உரி, இரண்டு உரி ஒரு படி என்று அரிசியைக் கொட்டிக் கொட்டி அளந்து பார்த்தால் இரட்டிப்பு என்பது கைக்கே புரிந்துவிடும். இட்லிக்கு நாலு டம்ளர் அரிசி, ஒரு டம்ளர் உளுந்து. "இரண்டு டம்ளர் உளுந்து போட்டால் அரிசி எவ்வளவுடா?" என்றேன். பெரியவன் யோசிக்காமல் "ஐந்து" என்றான். உளுந்தில் ஒன்று கூடினால் அரிசியிலும் ஒன்று கூட்டினால் போதும் என்பது அவன் கணக்கு. எந்தப் பயிற்சித்தாளும் இதை எனக்குக் காட்டியிருக்காது. ஆனாலும் உண்மையைச் சொல்கிறேன், காலை ஏழரை மணிக்கு இதெல்லாம் நடக்காது. ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான்.

டேப்லெட் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. காசு கொடுத்து வாங்கிய ஒரு செயலியில் தவறான விடைக்கு எந்த இழப்பும் கிடையாது, அதனால் சின்னவள் நாலு விடையையும் வரிசையாகத் தட்டி நட்சத்திரம் வாங்கிக்கொண்டிருந்தாள். கான் அகாடமி கிட்ஸ் என்ற செயலி இலவசம், விளம்பரத் தொல்லையும் இல்லை, பயணத்தில் கொடுக்கலாம். வீட்டில் இருக்கும்போது ஐந்தில் கடைசி இடம்தான்.

ஆறு வயதுக்கு மேல் என் ஓட்டு பல்லாங்குழிக்கு. 14 குழி, குழிக்கு ஐந்து விதை, மொத்தம் 70. ஒரு குழியை அள்ளி, அடுத்தடுத்த குழியில் ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே சுற்றி வர வேண்டும். பலகை இல்லாவிட்டால் முட்டை அட்டை போதும். விதைக்குப் புளியங்கொட்டை அல்லது சோழி வையுங்கள், குன்றிமணி மட்டும் வேண்டவே வேண்டாம், கடித்து விழுங்கினால் விஷம். வாயில் போடும் வயதுப் பிள்ளை வீட்டில் இருந்தால் எந்த விதையுமே பக்கத்தில் ஆள் இருக்கும்போதுதான். ஒரு குழியில் நாலு விதை சேர்ந்தால் அது பசு, அந்தப் பக்கத்துக்காரர் அள்ளிக்கொள்ளலாம். இந்த ஒரு விதியால் சின்னவளுக்கும் நாலை எண்ணாமலே பார்த்தவுடன் தெரிகிறது, அண்ணன் கவனிக்கும் முன் "பசு!" என்று கத்தி அள்ளிவிடுகிறாள்.

பெரியவன் பிடித்தது வேறு. முதல் ஆட்டத்தில் எந்தக் குழியில் தொடங்கினாலும் கடைசியில் காலிக் குழியைத் துடைத்து அதற்கு அடுத்த குழியில் இருப்பதை எடுக்கும்போது ஏழு விதைதான் கிடைக்கிறது. (எதிர்க்குழியையும் சேர்த்து எடுப்பது சில வீட்டு வழக்கம், எங்கள் வீட்டில் இல்லை.) நான் நம்பவில்லை, ஏழு குழியிலும் தொடங்கிப் பார்த்தோம், ஏழேதான். எல்லாக் குழியிலும் ஒரே அளவு இருக்கும்போது சுற்றி வரும் பாதையில் எங்கே தொடங்கினால் என்ன என்பது யோசித்தால் புரிகிறது, ஆனால் யோசிக்க வைத்தது அவன். மறுநாள் குழிக்கு ஆறாகப் போட்டான், எட்டு கிடைக்கும் என்று பந்தயம் வேறு. அப்போதும் ஏழு! இப்போது குழிக்கு ஏழு போட்டுப் பார்க்க வேண்டுமாம். 84-உடன் இன்னும் 14 சேர்த்தால் 98 என்று அவனே சொல்லிவிட்டான், வீட்டில் இருப்பதோ 84 கொட்டை. இந்த மாதம் கொட்டை எடுக்காத புளிதான் வாங்க வேண்டும் என்று மளிகைப் பட்டியலில் எழுதி வைத்திருக்கிறான்.